ஸ்டார்ட் வேறு, எனேபிள் வேறு: ஆர்ஹெச்சிஎஸ்ஏ இரண்டாம் தடவை பாஸ் ஆன அனுபவம்

லினக்ஸ் நிறுவனமான ரெட் ஹேட் நடத்தும் ஆர்ஹெச்சிஎஸ்ஏ என்ற லினக்ஸ் அட்மின் சான்றிதழ் தேர்வில் முதல் தடவை நான் ஃபெயில். 300க்கு 210 வேண்டும், எனக்கு எட்டவில்லை. இது எழுத்துத் தேர்வு கிடையாது, லினக்ஸ் மெஷினைக் கொடுத்து வேலையைச் செய்து காட்டச் சொல்வார்கள், செய்ததெல்லாம் ரீபூட் ஆன பிறகும் தானாக நிற்க வேண்டும். கேள்விகளை வெளியே சொல்லக் கூடாது என்று ஒப்புக்கொண்டுதான் உட்காருகிறோம், அதனால் அதை என்னிடம் கேட்காதீர்கள். சர்வீஸ், அதாவது பின்னணியில் ஓடும் புரோகிராம், பற்றிய பகுதியை எப்படித் தப்பாகப் படித்தேன், எப்படித் திருத்திக்கொண்டேன் என்பதை மட்டும் சொல்கிறேன்.

கோச்சிங்கில் கமாண்டுகளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். ரயில்வே கேட் மூடியிருக்கும் நேரமெல்லாம் வண்டியை நிறுத்திவிட்டு அந்தத் தாளைத்தான் மனப்பாடம் செய்தேன். சிஸ்டம்சிடிஎல் கமாண்டோடு ஸ்டார்ட் கொடுத்தால் ஸ்டேட்டஸில் பச்சையாக ஆக்டிவ் என்று வரும், வந்ததும் அடுத்ததற்குப் போய்விடுவேன்.

அந்தப் பச்சையை நம்பக் கூடாது என்று புரியவைத்தது எங்கள் கொருக்குப்பேட்டை வீட்டின் கரண்ட்தான். ஃபெயில் ஆன பிறகு பழைய டெஸ்க்டாப் ஒன்றை வாங்கி ரெட் ஹேட் லினக்ஸோடு ஒத்துப்போகும் இலவச அல்மாலினக்ஸைப் போட்டேன், யூபிஎஸ் கிடையாது. மாலையில் வெப் சர்வரை ஓடவிட்டேன், ராத்திரி கரண்ட் போய் வந்தது, மெஷினை ஆன் செய்து பார்த்தால் சர்வர் இன்ஆக்டிவ். ஸ்டார்ட் என்பது இப்போது ஓட்டு என்று மட்டும்தான் சொல்கிறது. எனேபிள் கொடுக்கும்போது சர்வீஸை எப்படி ஓட்டுவது என்று எழுதியிருக்கும் யூனிட் ஃபைலுக்கு ஒரு சிம்லிங்க், அதாவது அதைச் சுட்டும் குறுக்குவழி, உண்டாகிறது, மெஷின் எழும்போது சர்வீஸ்களை நிர்வகிக்கும் சிஸ்டம்டி அதைப் பார்த்துத்தான் சர்வீஸைக் கிளப்புகிறது. எட்சிக்குள் சிஸ்டம்டி, அதற்குள் சிஸ்டம், அதில் மல்டி யூசர் டார்கெட் வான்ட்ஸ் என்ற ஃபோல்டரைத் திறந்து, எனேபிள் செய்வதற்கு முன்னும் பின்னும் ஒரு தடவை எல்எஸ் அடித்துப் பாருங்கள். அந்த லிங்க் புதிதாக வந்து உட்காருவதைக் கண்ணால் பார்த்துவிட்டால் பிறகு தாளே தேவையில்லை. டிஸேபிள் செய்தாலும் ஓடிக்கொண்டிருப்பது நிற்காது என்பதும் அப்போதே விளங்கிவிடும், ஏனென்றால் லிங்க் மட்டும்தான் போகிறது. ஸ்டார்ட், எனேபிள் இரண்டையும் சேர்த்துச் செய்ய எனேபிளோடு இரண்டு ஹைஃபன் போட்டு நவ் என்று அடியுங்கள்.

அன்று இன்னொன்றும் தெரிந்தது. கரண்ட் போவதற்கு முன்னால் இருந்த பதிவுகளை சிஸ்டம் பதிவுகளைக் காட்டும் ஜர்னல்சிடிஎல்லில் தேடினால் ஒன்றுமே இல்லை. வார் லாக்கில் ஜர்னல் என்ற ஃபோல்டர் இல்லாவிட்டால் ஜர்னல் மெமரியில் மட்டும் இருக்கும், மெஷின் அணைந்தால் எல்லாம் போச்சு. அந்த ஃபோல்டரை உருவாக்கி ஜர்னல்டி சர்வீஸை ரீஸ்டார்ட் செய்தேன். பதிவுகளைக் காப்பாற்றி வைப்பது இந்தத் தேர்வின் பாடத்திட்டத்திலேயே இருக்கிறது, தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

அப்புறம் சொந்தமாக ஒரு யூனிட் ஃபைல் எழுதுங்கள், என்னைக் கேட்டால் பத்து வீடியோவை விட இது மேல். நான் எழுதியது சின்ன பேக்கப் ஸ்கிரிப்ட். ஸ்டார்ட் கொடுத்ததும் 203 எக்ஸெக், அதாவது ஃபைலை ஓட்டவே முடியவில்லை, என்று ஃபெயில் ஆனது, ஜர்னலில் அப்படி ஒரு ஃபைலே இல்லை என்று வந்தது. ஃபைலோ கண்ணெதிரே இருக்கிறது, பாதையும் சரி, பர்மிஷனும் சரி. இரண்டு ராத்திரி போனது. கடைசியில் மறைந்த எழுத்துகளையும் காட்டும் கேட் மைனஸ் ஏ போட்டுப் பார்த்தபோது ஒவ்வொரு வரிக் கடைசியிலும் ஒரு தொப்பிக்குறியும் எம்மும் நின்றன. விண்டோஸ் நோட்பேடில் எழுதிக் கொண்டுவந்ததன் விளைவு. முதல் வரியில் ஸ்கிரிப்டை ஓட்டும் பேஷ் என்ற புரோகிராமின் பெயரோடு அந்த மறைந்த எழுத்தும் ஒட்டிக்கொண்டதால், அப்படி ஒரு பேஷைத்தான் காணோம் என்று கெர்னல் சொல்லியிருக்கிறது. அந்த எழுத்தை நீக்கும் டாஸ் டு யுனிக்ஸ் கமாண்டைப் போட்டதும் ஓடியது. அதே 203 பர்மிஷன் டினைட் என்று வந்தால் எந்த புரோகிராம் எந்த ஃபைலைத் தொடலாம் என்று லேபிள் பார்த்துக் கட்டுப்படுத்தும் எஸ்இலினக்ஸையும் சந்தேகப்படுங்கள், ஹோம் ஃபோல்டரில் வைத்த ஸ்கிரிப்டை சர்வீஸாக ஓட்ட அது பெரும்பாலும் விடாது. யூஎஸ்ஆர் லோக்கல் பின்னுக்கு எம்வி கமாண்டால் நகர்த்தினால் பழைய லேபிளும் கூடவே வரும், அதனால் லேபிளைச் சரிசெய்யும் ரெஸ்டோர்கான் ஒரு தடவை அடித்துவிடுங்கள்.

யூனிட் ஃபைலைத் திருத்தினால், சிஸ்டம்டி அதை மறுபடி படிக்க டீமன் ரீலோட் கொடுக்க வேண்டும். மாஸ்க் என்றால் யூனிட்டை டெவ் நல் என்ற வெற்று ஃபைலுக்கு லிங்க் செய்து பூட்டிவிடுவது, அன்மாஸ்க் செய்யாமல் ஸ்டார்ட் ஆகாது. தேர்வில் இன்டர்நெட் இல்லை, ஆனால் மெஷினிலேயே இருக்கும் கையேடான மேன் பக்கங்கள் உண்டு. சிஸ்டம்டி டாட் சர்வீஸ் என்ற மேன் பக்கத்தின் கீழே எடுத்துக்காட்டுகள் இருக்கின்றன, அங்கே சட்டென்று போய்ச் சேரப் பழகுங்கள்.

இரண்டாம் தடவை கடைசி நேரத்தை எதற்கும் கொடுக்காமல் ரீபூட்டுக்கு என்றே ஒதுக்கினேன். லாகின் வரும்வரை கை வியர்த்தது. உள்ளே போய் ஒவ்வொரு சர்வீஸுக்கும் இஸ் எனேபிள்ட், இஸ் ஆக்டிவ் இரண்டும் அடித்தேன், ஒன்று மட்டும் டிஸேபிள்ட் என்று காட்டியது. அதைச் சரிசெய்து இன்னொரு ரீபூட் போட்டுப் பார்க்கவும் நேரம் இருந்தது.