ஐந்தரை மணிப் பந்தி

தோட்டத்தில் ரிசப்ஷன் ஏற்பாடு செய்து தரச் சொல்லி என்னிடம் வருகிறவர்கள், மழை வந்தால் என்ன செய்வது என்றுதான் முதலில் கேட்பார்கள். அப்புறம் கழிப்பறை, அப்புறம் பாம்பு. பந்தியில் யார் எப்போது உட்காருவார்கள் என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. அதெல்லாம் தன்னால் நடக்கும் என்ற நினைப்பு. நடக்கவும்தான் செய்கிறது, யாரும் உத்தரவு போடாமலே.

சேரன்மகாதேவிக்கும் வீரவநல்லூருக்கும் இடையில், கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் ஒரு குடும்பத் தோட்டம். பெண்ணுக்குப் பெங்களூரில் வேலை, அப்பா சென்னையில், நிலத்தைப் பார்த்துக்கொள்வது சித்தப்பா. மண்டபமே வேண்டாம், தாத்தா தோட்டத்தில்தான் என்று பெண் ஒற்றைக்காலில் நின்றாள். கல்யாணம் முந்தின நாள் கோயிலில். தேங்காய்ப்பால் குழம்பான சொதியோடு போடும் மறுவீட்டுச் சாப்பாட்டையும் ரிசப்ஷனையும் ஒன்றாக்கி இங்கே சாயங்காலத்தில். வைகாசி இரண்டாம் வாரம். பிசான நெல் அறுத்து, பின்னால் போட்ட உளுந்தும் எடுத்து, தரை இறுகிக் கிடந்தது. அடுத்த கார் நெல் சாகுபடிக்குப் பாபநாசம் அணையை ஜூன் 1-ஐ ஒட்டித் திறப்பது வழக்கம். அதற்குள் பந்தலைப் பிரித்து, ஆணி ஒன்றுகூட மிச்சமில்லாமல் பொறுக்கி வயலைத் திருப்பித் தர வேண்டும் என்பது சித்தப்பா போட்ட ஒரே நிபந்தனை. நாற்று நட இறங்குகிறவர்கள் வெறுங்காலோடு இறங்குவார்கள், ஆணி ஏறிவிடும் என்றார். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் வரும் இடத்தில் அவரை வில்லனாக்கிவிட்டால் எனக்கு வேலை சுலபம். ஆனால் அவர் அப்படிப்பட்டவர் இல்லை.

மற்றதெல்லாம் வழக்கமான பாடுதான். பம்புசெட்டுக்கு வருவது இலவச விவசாய மின்சாரம். அதில் ஒரு சீரியல் செட் மாட்டினாலும் முறைகேடு. எனவே தற்காலிக இணைப்புக்கு ஒரு மனு, அதற்கு மேல் ஜெனரேட்டர். ஜெனரேட்டர் லாரி வாய்க்கால் பாலத்தில் திரும்பாது என்று தெரிந்து, அதை ரோட்டிலேயே நிறுத்திக் கேபிள் இழுத்தோம். மணமக்கள் கிழக்கே பார்த்துத்தான் நிற்க வேண்டும் என்றார் பெண்ணின் அத்தை. அப்படியென்றால் மேடையின் பின்படுதா மேற்கே வரும். அந்தச் சமயத்தில் பொதிகைப் பக்கமிருந்து காற்று எழும்பிவிட்டால் துணிப் படுதா கப்பல் பாயாகிவிடும். துணியை விட்டுவிட்டு, காற்று புகுந்து போகிற மாதிரி குருத்தோலையைத் தொங்கவிட்டோம். சமையல் நடக்கிற ஆக்குப்புரையைக் கிழக்கே தள்ளினோம், புகை ஆட்கள் மேல் வராது. பிளாஸ்டிக் பூசிய இலைக்கு 2019-லிருந்து தடை. அது இல்லாவிட்டாலும் சொதியை வாழையிலையில் சாப்பிடாமல் வேறு எதில் சாப்பிடுவது? இரவு பத்து மணிக்கு ஒலிபெருக்கி நின்றாக வேண்டும். ஆக மேடை எட்டு, பந்தி ஏழரை, பத்துக்குள் பாட்டு முடிவு. இந்த மூன்றையும் முதலில் குறித்துவிட்டுத்தான் மற்ற நேரங்களை நிரப்புவேன்.

அப்படி நிரப்பும்போதுதான் தோட்டத்து ஆட்கள் வந்தார்கள்.

வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துத் தெரு. எந்தத் தெரு என்று எழுதவேண்டியதில்லை, நம்ம பக்கத்துக்காரர்களுக்குப் புரியும். மூன்று தலைமுறையாக அந்த வயலில் நட்டு, களை பறித்து, அறுத்தவர்கள். அறுப்புக்கு இப்போது மெஷின் வந்துவிட்டாலும் நடவுக்கு அவர்கள்தான். அத்தனை பேருக்கும் பத்திரிகை வைத்தாயிற்று. பெண்ணே வீடுவீடாகப் போய் வைத்தாள். ஆட்களைச் சேர்த்துக்கொண்டு வருகிற அம்மாவைப் பம்புசெட்டுப் பக்கம் பார்த்தேன். பந்திக்கு ஆள் கணக்கு வேண்டியிருந்தது.

“எத்தனை பேரும்மா வருவீங்க?”

“ஒரு முப்பது முப்பத்தஞ்சு உருப்படி வருவோம். எங்களுக்கு வெளிச்சத்தோட போட்ருங்க. சாப்ட்டுட்டுப் போயிருதோம்.”

“ஏன், மேடையப் பாக்க வேண்டாமா? பொண்ணு எட்டு மணிக்குத்தான மேடைக்கு வருது.”

“பாப்பாவ நாங்க பாக்காததா.” கொஞ்சம் நிறுத்திவிட்டு, “உங்களுக்கும் தோதா இருக்கும்லா” என்றார்.

இவ்வளவுதான் பேச்சு. சித்தப்பா பத்தடி தள்ளி நின்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். காதில் விழுந்திருக்கும். ஒன்றும் சொல்லவில்லை. நானும் அந்த இடத்தில் தலையை ஆட்டினேன் என்று நினைக்கிறேன்.

அந்த “உங்களுக்கும்” யார்? என் வேலையைச் சொன்னாரா? முப்பத்தைந்து இலை முன்கூட்டியே முடிந்தால் ஏழரை மணிப் பந்தி லேசாகும், அது உண்மைதான். சித்தப்பாவைச் சொன்னாரா? மாப்பிள்ளை வீட்டாரையா? இல்லை, நான், அந்தக் குடும்பம், மாப்பிள்ளை வீடு எல்லோரும் ஒரே கூட்டம் என்று வைத்துச் சொன்னாரா? நான் முதல் தடவை போனபோதே அந்த அம்மா என்னிடம் எந்த ஊர், எந்தத் தெரு, அப்பா பேர் என்ன என்று கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தார். ஒருவரைப் பார்த்ததும் எந்தப் பக்கம் என்று தெரிந்துகொள்வது இங்கே எல்லோருக்கும் பழக்கம்தான். ஆனால் நான் யார் என்று தெரிந்த பிறகுதான் எனக்கு அந்தப் பதில் கிடைத்தது. வேறொருத்தி கேட்டிருந்தால் வேறு பதில் வந்திருக்குமோ என்னவோ.

என் பக்கத்தையும் சொல்லவேண்டும். கேட்டது அவர். காரணமும் இருந்தது. இருட்டில் வாய்க்கால் கரையில் சின்னப் பிள்ளைகளோடு திரும்ப வேண்டும், மறுநாள் காலையில் வேறு ஊரில் வேலை. முப்பத்தைந்து பேரை இரண்டு மணி நேரம் காக்கவைத்து, “நாங்கள் வித்தியாசம் பார்க்கவில்லை” என்று நிரூபிக்க அவர்களையே பயன்படுத்துவது எந்த ஊர் நியாயம்? வந்தவர் எப்போது பசிக்கிறது என்று சொல்கிறாரோ அப்போது இலை போடுவதுதான் விருந்து. இதை நான் பலமுறை எனக்கே சொல்லிப் பார்த்துவிட்டேன், நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் என் அட்டவணைத் தாளில் அந்த வரியை எப்படி எழுதினேன் தெரியுமா? “5.30 — பந்தல், லைட், டிரைவர்கள், தோட்டத்து ஆட்கள்.” அந்த நேரத்துக்கு ஏற்கனவே ஒரு வரி இருந்தது, அதில் சேர்த்தேன். பத்திரிகை வாங்கியவர்களும் கூலிக்கு வந்தவர்களும் ஒரே வரி.

இதைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் குருகுலம் நினைவுக்கு வருகிறது. வராமல் இருக்குமா, அதே சேரன்மகாதேவி. 1922-ல் வ.வே.சு. ஐயர் தொடங்கிய தமிழ்க் குருகுலத்தில் இரண்டு பிராமணப் பையன்களுக்குத் தனியாகச் சாப்பாடு போட்ட விவகாரம் மாகாணத்தையே கலக்கியது. அப்போது காங்கிரசில் இருந்த வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் எதிர்த்தார்கள். 1925-ல் ஐயர் பாபநாசத்துக்கு மேலே கல்யாண தீர்த்தத்தில் மகளைக் காப்பாற்றப் போய் உயிரை விட்டார். அதே ஆண்டு பெரியார் காங்கிரசை விட்டு வெளியேறினார். பள்ளிக்கூடத்தில் இதைப் படித்தபோது ஐயர் சாதி வெறியர் என்றுதான் மனதில் பதிந்தது. பிறகுதான் தெரிந்தது, அவர் எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிடுகிறவர். அந்தப் பையன்களின் பெற்றோர் கேட்டுக்கொண்டதற்கு ஒப்புக்கொண்டு, கொடுத்த வாக்கை மீறமுடியாது என்று நின்றவர். கேட்டார்கள், செய்தேன். அதே வாக்கியம்.

அது வேறு இது வேறு என்று உடனே எனக்குள் ஒரு வக்கீல் எழுந்துவிடுகிறார். அங்கே கேட்டது மேலே இருந்தவர்கள், இங்கே கேட்டது அந்த அம்மா. சரிதான். ஆனால் மேலே இருக்கிறவர்கள் கேட்கவேண்டிய அவசியமே இல்லாமல் நூறு வருஷத்தில் ஏற்பாடு எவ்வளவு சௌகரியமாகிவிட்டது என்றும் அதைச் சொல்லலாமே.

அன்றைக்கு ஐந்தரை மணிக்கு அவர்கள் வந்தார்கள். பட்டுச்சேலை கட்டி, பூ வைத்து, பிள்ளைகளுக்குப் பவுடர் அடித்து, ரிசப்ஷனுக்கு வருகிறவர்கள் எப்படி வருவார்களோ அப்படி. லைட்காரப் பையன்கள் கைலியோடு பக்கத்து வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். காற்று வாழையிலையைத் தூக்கியது, தண்ணீர் தம்ளரை ஓரத்தில் வைத்து அமுக்கிக்கொண்டார்கள். இலையில் சாம்பார், அவியல், கூட்டு, அப்பளம், பாயசம். சொதி இல்லை. சமையல் அண்ணாச்சியிடம் ஓடினேன். “தலைப்பால் ஊத்துனா நிக்காதும்மா. இப்ப ஊத்தினா ஏழரைக்குத் திரிஞ்சு போவும். ஏழு மணிக்கு மேலதான் ஊத்துவேன்” என்றார். அவர் சொன்னது சமையல் நியாயம். தேங்காயின் இரண்டாம் பாலிலும் மூன்றாம் பாலிலும் காயும் பாசிப்பருப்பும் வேகும். கெட்டியான முதல் பாலைக் கடைசியில் விட்டு, கொதிக்கவிடாமல் இறக்க வேண்டும். சொதியும், வயிற்றைக் கட்டாமலிருக்க அதோடு இஞ்சிப் பச்சடியும் இல்லாமல் திருநெல்வேலிப் பக்கம் மறுவீட்டுச் சாப்பாடு என்று ஒன்று கிடையாது. ஒரு சின்னப் பாத்திரத்தில் தனியாக முப்பத்தைந்து பேருக்குச் செய்திருக்கலாமே என்று கேட்பீர்கள். மாப்பிள்ளை வீட்டார் சீக்கிரம் சாப்பிட வந்திருந்தால் செய்திருப்போம்.

சாப்பிட்டு எழுந்த பிறகு அந்த அம்மா என்னைத் தேடி வந்தார். “மொய் எங்கம்மா எழுதணும்?” மொய் மேசை ஆறரைக்கு. எழுதுகிற மாமா இன்னும் குளித்துக்கொண்டிருந்தார். அப்புறம் கொடுத்துக்கலாம், பெண்ணிடமே கொடுங்கள் என்றேன். அவர் அசையவில்லை. இந்த வீட்டில் தன் மகன் கல்யாணத்துக்கு எழுதியிருக்கிறார்கள், அது நோட்டில் ஏறியாக வேண்டும் என்றார். அட்டவணைத் தாளின் பின்பக்கம் ஒவ்வொருவர் பெயரையும் தொகையையும் எழுதினேன். தொகையெல்லாம் நூற்றியொன்று, இருநூற்றியொன்று. ஒருவர் ஐந்நூற்றியொன்று. என் பேனாவைப் பார்த்துக்கொண்டே நின்றார்கள், பெயர் சரியாக விழுகிறதா என்று. பத்தமடைப் பாய் ஒன்றும் கொண்டுவந்திருந்தார்கள், பெண் மாப்பிள்ளை பெயர் போட்டு நெய்தது. அதற்கெல்லாம் முன்பணம் கட்டி வெகுநாள் காத்திருக்க வேண்டும்.

எட்டரைக்கு மேடையில் குடும்பப் போட்டோக்கள் ஓடிக்கொண்டிருந்தன. பெண் என்னைக் கையசைத்துக் கூப்பிட்டாள். “அக்கா, வாய்க்கால் தெருவுல இருந்து எல்லாரும் வந்தாங்களா? ஒரு போட்டோலகூடக் காணுமே.”

“சாப்பிட்டுப் போயிட்டாங்கம்மா. சீக்கிரம் போடச் சொன்னாங்க.”

“அவங்களா கேட்டாங்களா, நீங்க கேட்டீங்களா?”

“அவங்கதான்.”

நான் சொன்னதில் பொய் ஒரு எழுத்து இல்லை. அவள் ஒரு நொடி என்னைப் பார்த்தாள், பிறகு அடுத்த குடும்பம் மேடையேறிவிட்டது, சிரித்தாள். மறுநாள் எல்லாம் பிரமாதம் என்று எனக்குச் செய்தி அனுப்பினாள். மிச்சப் பணமும் சொன்ன தேதிக்கு வந்தது. மொய்த் தாளைச் சித்தப்பாவிடம் கொடுத்தேன். அங்கேயே நின்று ஒன்று விடாமல் நோட்டில் ஏற்றினார், என் கையெழுத்து புரியாத இடத்தில் கேட்டுக் கேட்டு. அதனால்தான் சொன்னேன், அவர் அப்படிப்பட்டவர் இல்லையென்று. ஆனால் பம்புசெட்டுப் பக்கத்தில் அவர் ஒரே ஒரு வார்த்தை, “அதெல்லாம் வேண்டாம், எட்டு மணிக்கு வாங்க” என்று சொல்லியிருந்தால் கதை வேறு. அவர் சொல்வார் என்று நான் காத்திருந்தேன். ஒருவேளை நான் சொல்வேன் என்று அவரும் காத்திருந்தாரோ.

பிறகு ஆவணியில் களக்காட்டுப் பக்கம் ஒரு வாழைத்தோப்பில் வேலை. இந்தத் தடவை தனி நேரமே போடவில்லை. தோட்டத்து ஆட்களிடம் நேரில் போய், எல்லோரோடும் வாருங்கள், ஏழரைப் பந்தி என்று சொல்லிவிட்டு வந்தேன். அவர்கள் ஆறு மணிக்கே வந்துவிட்டார்கள். நாற்காலி போட்டும் உட்காரவில்லை. ஜெனரேட்டர் இருந்த மூலையில் பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார்கள். முதல் பந்திக்குக் கூப்பிட்டேன், “அவிய சாப்பிடட்டும்” என்றார்கள். இரண்டாவதுக்குக் கூப்பிட்டேன், அதே பதில். பத்தேகால் மணிக்குக் கடைசிப் பந்தியில், பாட்டெல்லாம் நின்ற பிறகு, பந்தல்காரர்கள் குழல்விளக்கைக் கழற்ற ஆரம்பித்த நேரத்தில் சாப்பிட்டார்கள். ஒரு பிள்ளை இலைக்கு முன்னாலேயே தூங்கிவிட்டது. அதைப் பார்த்தபோது ஐந்தரை மணிப் பந்தி எவ்வளவோ மேல் என்று பட்டது. வீட்டுக்கு வந்து படுத்த பிறகு, இப்படி நினைப்பது எனக்கு எவ்வளவு வசதி என்றும் பட்டது.

என்னோடு வேலை பார்க்கிற தம்பி, “நீங்க ரொம்ப யோசிக்கீங்க. நம்ம வேலை நேரத்துக்கு இலை விழணும், அவ்வளவுதான். ஊரத் திருத்தவா காசு வாங்குதோம்?” என்கிறான். அவனுக்கு நல்ல பதில் இன்னும் சிக்கவில்லை. பதில் சொல்லத் தோன்றும்போதெல்லாம் கையில் ஏதாவது வேலை இருக்கும்.

வருகிற தை மாதத்துக்கு அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு தோப்பு வேலை வந்திருக்கிறது. சமையல் அண்ணாச்சி இலைக் கணக்குக் கேட்டார். தோட்டத்து ஆட்களை மொத்தக் கணக்கில் சேர்த்துச் சொல்லிவிட்டேன். சொதி ஒரு பாத்திரம் முன்கூட்டித் தனியாக இறக்க முடியுமா என்றும் கேட்டேன். முடியும், தேங்காய் கூட ஆகும், யாருக்கு என்று கேட்டார். இன்னும் தெரியவில்லை, தேங்காயை மட்டும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றேன்.