வெங்காய வேரில் மை ஏற்றிப் பார்த்தது (வேம் தொட்டிகள், இதுவரை)

வேம் (VAM, செடியின் வேருக்குள் குடியேறி அதற்குப் பாஸ்பேட் கொண்டுவரும் பூஞ்சை) கலந்து வளர்த்த சின்ன வெங்காயத் தொட்டிகளைப் பிரித்து வேரை எடுத்துவிட்டேன். பாதித் தொட்டிகளில் மணல், மண், வேம் மட்டும். மீதியில் அதோடு சூப்பர் பாஸ்பேட்டும் தாராளமாக. ஆர்செனிக்கை வீட்டுக்குள் கொண்டுவரும் எண்ணமெல்லாம் இல்லை, ஆனால் நான் இதில் இறங்கியதே பூஞ்சை அதை எப்படித் தாங்குகிறது என்று படித்த பிறகுதான், அந்தக் கதை பெரும்பாலும் பாஸ்பேட் கதை என்பதால் அந்தப் பக்கத்தையாவது பார்த்துவிடலாமே என்று.

ஆர்செனேட்டும் (ஆர்செனிக்கின் ஒரு வடிவம்) பாஸ்பேட்டும் அமைப்பில் கிட்டத்தட்ட ஒன்று. பாஸ்பேட்டை உள்ளே இழுக்கும் புரதம் இரண்டையும் சேர்த்தே இழுத்துவிடும். சரி, பூஞ்சைக்கும் இதே தலைவலிதானே? இங்கிலாந்தின் தென்மேற்கில் பழைய சுரங்கக் கழிவு மேடுகளில் வளரும் ஹெதர் என்ற குறுஞ்செடியின் வேர்ப் பூஞ்சையைப் பற்றி 2000-இல் வந்த ஆய்வு இதற்கு அழகான பதில்: அது ஆர்செனேட்டை உள்ளே விட்டு, ஆர்செனைட்டாக (ஆர்செனிக்கின் இன்னொரு வடிவம்) மாற்றி வெளியே தள்ளிவிடுகிறது, பாஸ்பேட்டை வைத்துக்கொள்கிறது. ஆர்செனைட்தான் பொதுவாக அதிக நஞ்சு, ஆனாலும் வெளியே தள்ளும் வழி அதற்குத்தான் இருக்கிறது.

வெங்காயத்தில் குடியேறுவது வேறு வகைப் பூஞ்சை. இங்கே செடியும் ஒரு வேலை செய்கிறது: பூஞ்சை வழியாகப் பாஸ்பேட் வரத் தொடங்கியதும் வேரின் சொந்தப் பாஸ்பேட் வாசல்கள் சிலவற்றைக் குறைத்துக்கொள்கிறது, அந்த வழியாக நுழையும் ஆர்செனேட்டும் குறைகிறது. செடி பெரிதாக வளர்வதாலும் கிராமுக்கு இவ்வளவு என்ற கணக்கு இறங்கும், அதை வைத்து மட்டும் பூஞ்சைக்கு மாலை போடக் கூடாது.

அப்புறம் வேர், உள்ளே பூஞ்சை இருக்கிறதா என்று மை ஏற்றிப் பார்க்க. 10% பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் சூடாக்கி (கையுறை, கண்ணாடி கட்டாயம்), நன்றாகக் கழுவி, வினிகரில் 5% பவுண்டன் பேனா மை கலந்து மூன்று நிமிடம் கொதிக்கவைத்து, சில சொட்டு வினிகர் விட்ட தண்ணீரில் அலசினேன். பாஸ்பேட் போடாத வேரில் நீல இழைகள், முட்டை வடிவப் பைகள், ஒன்றிரண்டு இடத்தில் செல்லுக்குள் கிளைத்த ஆர்பஸ்கூல்கூட (பூஞ்சை பாஸ்பேட்டைச் செடிக்குக் கைமாற்றும் இடம்). பாஸ்பேட் போட்டதில் நீளத்துக்கு வெறும் வேர்தான், தேடினால் அங்கங்கே இழை. கண்ணால் பார்த்த மதிப்பீடுதான் இது, கட்டம் போட்டு எண்ணவில்லை.

அடுத்து மக்காச்சோளம், பாஸ்பேட்டைப் படிப்படியாகக் கூட்டி. எந்த அளவில் பூஞ்சை பின்வாங்குகிறது என்று தெரிய வேண்டும், இந்த முறை எண்ணத்தான் போகிறேன்.