'சோளகர் தொட்டி'யின் முதல் பாதியும் இன்னும் மூன்று நாவல்களும்

சோளகர் என்ற மலைவாழ் பழங்குடியினரின் கதையைச் சொல்லும் 'சோளகர் தொட்டி' நாவலைப் படித்தவர்களிடம் பேசினால் பெரும்பாலும் இரண்டாம் பாதியைப் பற்றித்தான் பேசுகிறார்கள். வீரப்பனைத் தேடி வந்த அதிரடிப்படை, முகாம், சித்திரவதை. பேசத்தான் வேண்டும், அதில் எனக்கு வேறு கருத்து இல்லை. ஆனால் என்னைப் பிடித்து உட்கார வைத்தது முதல் பாதிதான். ராகி விதைக்கிறார்கள், காட்டுக்குள் போகிறார்கள், பீனாச்சி என்கிற குழலை ஊதி நெருப்பைச் சுற்றி ஆடுகிறார்கள், தங்களுக்குள் சண்டை போட்டுக்கொள்கிறார்கள், ஊர்த் தலைவரான கொத்தல்லி என்ன சொல்கிறார் என்று ஊரே காத்திருக்கிறது. பெரிதாக எதுவும் நடக்கவில்லையே என்று சிலருக்குத் தோன்றலாம். ஆனால் இந்தப் பக்கங்கள் இல்லையென்றால் பின்னால் வருவது ஓர் உண்மை அறியும் குழுவின் அறிக்கையாகத்தான் நின்றிருக்கும். மாதியும் அவள் மகள் சித்தியும் முகாமில் படும் பாட்டைப் படிக்கும்போது புத்தகத்தை மூடி வைத்துவிட்டு எழுந்து நடந்தேன் என்றால், அதற்குக் காரணம் அங்கே நடந்த கொடுமை மட்டுமில்லை. அதற்கு முன்பே மாதியை எனக்குத் தெரியும்.

சமீபத்தில் படித்த நாவல்களை எல்லாம் இந்த ஒரு கேள்வியோடுதான் யோசித்துப் பார்க்கிறேன். துயரம் வருவதற்கு முன்னால் அந்த மனிதர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று இந்த எழுத்தாளர் எனக்குக் காட்டினாரா? நான் விமர்சகர் இல்லை, பாலக்கோட்டில் இருந்துகொண்டு வேலை முடிந்த பிறகு கிடைக்கிற நேரத்தில் படிக்கிற ஆள். எனக்கு இந்தக் கேள்வி போதும்.

சரி, 'சோளகர் தொட்டி'யைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ச. பாலமுருகன் எழுதி 2004இல் வந்த நாவல். அதே வருஷம் அக்டோபர் 18ஆம் தேதிதான் நம் பாப்பாரப்பட்டி பக்கத்தில் வீரப்பன் கொல்லப்பட்டார். கதை நடப்பது சத்தியமங்கலம் பக்கத்து மலையில் என்றாலும் தர்மபுரிக்காரர் ஒருவர் அதை வேறு ஏதோ ஊர்க் கதையாகப் படித்துவிட முடியாது. அரூர் பக்கம் வாச்சாத்தியில் 1992 ஜூனில் சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வந்த வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் என்ன செய்தார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். பதினெட்டுப் பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். தர்மபுரி நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்டு உயிரோடு இருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்புச் சொன்னது 2011இல், உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தது 2023இல். முப்பது வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது! இந்தப் பக்கத்தில் பெரியவர்கள் அந்தக் காலத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் வீரப்பன் கதையாகத்தான் பேசுவார்கள். மீசை, துப்பாக்கி, யானை, கடத்தல் என்று ராத்திரி முழுக்கப் பேசலாம். அடி வாங்கிய கிராமங்கள் அந்தப் பேச்சில் வராது. இந்த நாவலில் அது அப்படியே தலைகீழாக இருக்கிறது, வீரப்பன் ஓரமாக வந்து போகிறார், தொட்டி, அதாவது சோளகர்களின் ஊர்தான் நடுவில் நிற்கிறது. அதற்காகவே பாலமுருகனைக் கையெடுத்துக் கும்பிடலாம். நடை சில இடங்களில் அவசரப்படுகிறது, அடுத்தடுத்துச் சம்பவங்களைச் சொல்லிக்கொண்டே போகிறது, அது எனக்குக் குறையாகத்தான் பட்டது. இருந்தாலும் நம் மாவட்டத்துப் பிள்ளைகள் கல்லூரியில் சேருவதற்குள் படித்துவிட வேண்டிய புத்தகம்.

அப்புறம் பெருமாள்முருகனின் 'பூக்குழி'. சின்ன நாவல், ஆனால் ஒரே மூச்சில் முடித்துவிட முடியாது. சோடாக் கடையில் வேலை பார்க்கிற குமரேசன் சரோஜாவைக் கல்யாணம் செய்துகொண்டு தன் ஊருக்குக் கூட்டி வருகிறான், அவ்வளவுதான் கதை. அவள் என்ன சாதி என்று ஊர் கேட்டுக்கொண்டே இருக்கிறது, நாவல் கடைசி வரைக்கும் சொல்வதில்லை. அப்படிச் சொல்லாமல் விட்டது எனக்கு மிகவும் பிடித்தது, சொல்லியிருந்தால் நாமும் அந்த ஊர்க்காரர்களோடு சேர்ந்து கணக்குப் போட ஆரம்பித்திருப்போம். பாறை மேல் இருக்கிற குடிசை, நிழல் இல்லாத வெயில், விடாமல் ஒப்பாரி வைத்துத் திட்டுகிற மாமியார் மாராயி. ஒரு பெண் வந்து இறங்கின ஊர் அவளுக்கு எப்படித் தெரியும் என்பதைச் சரோஜாவின் கண் வழியாகவே காட்டுகிறார். குமரேசன் மேல்தான் எனக்குக் கோபம். எல்லாம் சரியாகிவிடும், கொஞ்சம் பொறுத்துக்கொள் என்று அவன் சொல்லும் ஒவ்வொரு தடவையும் எனக்கு வயிறு கலங்கியது. நல்லவன்தான், அவள் மேல் உயிரையே வைத்திருக்கிறான், ஆனால் தன் ஊரை அவனுக்குத் தெரியவே இல்லை.

2013இல் வந்த இந்த நாவலை, சாதி மாறிக் கல்யாணம் செய்துகொண்டு அதே வருஷம் தண்டவாளத்தின் ஓரம் இறந்து கிடந்த தர்மபுரி இளவரசனுக்குச் சமர்ப்பித்திருக்கிறார். இதைத் தெரிந்துகொண்டு படிப்பதற்கும் தெரியாமல் படிப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. அதுவும் இங்கே இருந்துகொண்டு, தண்டவாளத்தைத் தாண்டிப் போய் வருகிற ஊரில் இருந்துகொண்டு படிக்கும்போது, இது கொங்குப் பக்கத்துக் கதை, பழைய காலத்துக் கதை என்று தள்ளி வைக்க வழியே இல்லை. முடிவைச் சொல்ல மாட்டேன், படித்துக்கொள்ளுங்கள்.

அவருடைய 'ஆளண்டாப் பட்சி'யையும் தொடர்ந்து படித்தேன். ஆங்கில மொழிபெயர்ப்புக்கு 2023இல் ஜேசிபி இலக்கியப் பரிசு கிடைத்த பிறகுதான் பலர் தேடிப் படித்தார்கள் என்று நினைக்கிறேன். பாகம் பிரித்ததில் ஏமாந்த கடைசித் தம்பி முத்து, பண்ணையாள் குப்பனைக் கூட்டிக்கொண்டு மாட்டு வண்டியில் நிலம் தேடிப் போகிறான். மண்ணைப் பார்த்து, தண்ணீரைப் பார்த்து, அக்கம்பக்கத்து ஆட்களைப் பார்த்து அவர்கள் போகிற அந்தப் பயணம் நிதானமாக, சுகமாக இருக்கிறது. காடு மேடு விவசாயம் தெரிந்தவர்களுக்கு இன்னும் பிடிக்கும். இருவருக்கும் இடையில் அத்தனை நெருக்கம் இருந்தும் முத்து முதலாளிதான், குப்பன் பண்ணையாள்தான். நாவல் அதை மறைக்கவில்லை, ஆனால் குப்பன் தனக்குள் என்ன நினைத்தான் என்று இன்னும் கொஞ்சம் கேட்க எனக்கு ஆசையாக இருந்தது.

என் கேள்விக்கு ஒத்துவராமல் நின்றது இமையத்தின் 'செல்லாத பணம்'. தீயில் வெந்த ரேவதியை ஜிப்மர் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டுக் குடும்பம் வெளியே காத்துக் கிடக்கிறது. நாவலில் பெரும் பகுதி இந்தக் காத்திருப்புதான். நிதானமாக வாழ்க்கையைக் காட்டுகிற பக்கங்கள் குறைவு, முக்கால்வாசி பேச்சு. அப்பா நடேசன், அம்மா அமராவதி, அண்ணன் முருகன், அண்ணி அருண்மொழி, ஆட்டோ ஓட்டுகிற கணவன் ரவி என்று ஆளாளுக்குப் பேசிக்கொண்டே இருக்கிறார்கள், அழுகிறார்கள், ஒருவரை ஒருவர் குத்திக்காட்டுகிறார்கள். அப்படியிருந்தும் நாவல் என்னை விடவில்லை. ஏனென்றால் அந்தப் பேச்சுக்குள்ளேயே ரேவதியின் பழைய நாட்கள் எல்லாம் வந்துவிடுகின்றன, அவளைப் பிறக்க வைத்து வளர்த்துக் கல்யாணம் செய்துகொடுத்தது வரைக்கும் வாசலில் உட்கார்ந்தபடியே பேசித் தீர்க்கிறார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் ராத்திரி தங்கியிருந்தவர்களுக்குத் தெரியும், சனங்கள் அங்கே அப்படித்தான் பேசுவார்கள், முன்பின் தெரியாதவரிடம்கூடக் குடும்பக் கதை முழுவதையும் சொல்வார்கள். சில இடங்களில் அழுகை நீண்டு போகிறது, வெட்டியிருக்கலாம். ரவியையும் பேச விட்டதற்கு என் அக்காவுக்குப் பயங்கரக் கோபம், அவன் தரப்பை எதற்குக் கேட்க வேண்டும் என்றாள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. அவன் பேசுவதால் அவன் மேல் இருக்கிற வெறுப்பு குறையவில்லை, எனக்கு இன்னும் தெளிவாகத்தான் தெரிந்தது. 2020ஆம் வருஷ சாகித்திய அகாதெமி விருது சரியான புத்தகத்துக்குத்தான் போயிருக்கிறது.

இத்தனையும் படித்துவிட்டு எனக்கு வருகிற ஆசை ஒன்றுதான். பெங்களூரில் எழும்புகிற கட்டடங்களில் எங்கள் பக்கத்து ஆட்கள் எத்தனையோ பேர் சித்தாளாகவும் மேஸ்திரியாகவும் உழைத்திருக்கிறார்கள். பண்டிகைக்கு வருவார்கள், முடிந்ததும் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஓசூர் வழியாகத் திரும்பிப் போவார்கள், வீட்டில் தாத்தா பாட்டியும் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளும் மட்டும் இருப்பார்கள். அந்த வாழ்க்கையை, தார்ப்பாய்க் கொட்டகையில் களி கிண்டுவதிலிருந்து சனிக்கிழமை கூலி வாங்குவது வரைக்கும், அவசரப்படாமல் சொல்கிற ஒரு தடித்த நாவல் எனக்கு வேண்டும். கட்டடத் தொழிலாளர்களைப் பற்றி திலகவதி எழுதிய 'கல்மரம்' இருக்கிறது, 2005இல் சாகித்திய அகாதெமி வாங்கியது. திலகவதியும் தர்மபுரிக்காரர்தான். அடுத்துப் படிக்க அதைத்தான் எடுத்து வைத்திருக்கிறேன். பெங்களூர்ப் பக்கம் போன நம் சனங்களைப் பற்றி வேறு நாவல் ஏதாவது உங்களுக்குத் தெரிந்தால் பெயரைச் சொல்லுங்கள், தேடி வாங்கிக்கொள்கிறேன்.