தேரி மணலை அளப்பது: கீழ்ப் புட்டியில்தான் எல்லாம்

தூத்துக்குடி மாவட்டத்துச் செம்மணல் மேடான குதிரைமொழித் தேரியில் ஆனி பிறந்ததும் மேற்கிலிருந்து வரும் மேல்காற்று பிடித்துக்கொள்ளும். மழையை மலைக்கு அந்தப் பக்கமே இறக்கிவிட்டு, ஆரல்வாய்மொழி போன்ற கணவாய்களில் நெருங்கி வேகமெடுத்து, தூத்துக்குடிப் பக்கம் வறண்ட காற்றாக வந்து சேர்கிறது. தேரி மேட்டில் நின்று பார்த்தால் முழங்காலுக்குக் கீழே ஒரு சிவப்புப் படலம் ஓடிக்கொண்டிருக்கும். தலைக்கு மேலே வானம் தெளிவாக இருக்கும். அந்தப் படலத்தில், ஒரு மீட்டர் அகலத்தை எத்தனை கிலோ மணல் கடக்கிறது என்று அளப்பதுதான் வேலை. இதே வேலையில் இறங்கப்போகிறவர்களுக்காக, செய்த வரிசையிலேயே எழுதுகிறோம்.

முதலில் மனதில் இருத்த வேண்டியது மணல் போகும் விதம். ஏறத்தாழ 0.07 முதல் 0.5 மில்லிமீட்டர் வரையுள்ள மணிகள் தத்தித் தத்திப் போகும். அதைவிடப் பெரியவை தரையில் உருளும். நுண்ணிய தூசு ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருப்பதால் காற்று மட்டும் அடித்தால் லேசில் கிளம்பாது. தத்தும் மணி வந்து மோதும்போதுதான் கிளம்பும். மணலில் பத்தில் ஒன்பது பங்கு 30 சென்டிமீட்டருக்குக் கீழேயே போய்விடுகிறது. அளவு சரியாக வருமா வராதா என்பதைத் தரையை ஒட்டிய அந்த ஒரு சாண் உயரமே தீர்மானிக்கிறது.

இடம் தேர்வு: காப்புக்காட்டுக்குள் என்றால் வனத்துறை அனுமதி வேண்டும். பருவம் தொடங்குவதற்குப் பல மாதம் முன்பே விண்ணப்பியுங்கள். ஆடி போனால் அந்த ஆண்டே போனது. முருங்கை, கொல்லாம் தோட்டங்களில் உரிமையாளரின் சம்மதம் போதும், ஆனால் எப்போது உழப்போகிறார் என்று கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். மணல் பிடிக்கும் புட்டிகளைக் கம்பங்களில் மாட்டுகிறோம். அந்தக் கம்பத்துக்கு மேற்கே பனை வடலியோ உடைமரமோ இருந்தால் அதன் உயரத்தைப் போல 20 மடங்கு தூரமாவது தள்ளி நடுகிறோம். காற்று வரும் ஓரத்தில் ஒன்று, நடுவில் ஒன்று, கிழக்கு ஓரத்தில் ஒன்று என்று குறைந்தது மூன்று கம்பங்கள் தேவை. ஒரே கம்பம் வைத்தால், பிடித்த மணல் இந்த நிலத்தில் கிளம்பியதா, மேற்கே இருந்து வந்ததா என்று சொல்லவே முடியாது.

அமெரிக்காவில் ஃப்ரைரியர் என்ற ஆய்வாளர் 1986-ல் அறிமுகப்படுத்திய, மணலும் தூசும் பிடிக்கும் பிஎஸ்என்இ (BSNE) பொறி உலகெங்கும் புழக்கத்தில் உள்ளது. அதன் வாய் 2 சென்டிமீட்டர் அகலம், 5 சென்டிமீட்டர் உயரம். தரையருகே மணலின் அளவு சென்டிமீட்டருக்குச் சென்டிமீட்டர் மாறுவதால், 5 சென்டிமீட்டர் உயர வாய் அந்த மாற்றத்தை விழுங்கிவிடுகிறது. அதனால் நாங்கள் வில்சன்-குக் வகைப் புட்டியையே விரும்புகிறோம். நாமே செய்யலாம், செலவும் குறைவு. 100 மில்லி பிளாஸ்டிக் புட்டி, மூடியில் இரண்டு துளைகள், இரண்டு கண்ணாடிக் குழாய்கள். ஒன்று காற்றைப் பார்த்து வளைந்திருக்கும், மற்றது எதிர்ப்பக்கம். குறுகிய குழாயிலிருந்து அகன்ற புட்டிக்குள் வந்ததும் காற்று தளர்ந்து மணலைக் கீழே போட்டுவிட்டு, அடுத்த குழாய் வழியாக வெளியேறும்.

குழாயின் உள்விட்டம் 8 மில்லிமீட்டர், அதாவது 0.5 சதுர சென்டிமீட்டர் வாய். ஒவ்வொரு குழாயையும் வெர்னியரால் அளந்து புட்டியில் எண் போடுங்கள். 8-க்குப் பதில் 7.5 வந்தால் பரப்பு 12 சதவீதம் குறைகிறது. வளைவில் கண்ணாடி நசுங்கியிருந்தால் அந்தக் குழாயைத் தூக்கிப் போட்டுவிடலாம். மூடியில் அரால்டைட் போட்டு ஒட்டியபின், ஒரு குழாயை விரலால் அடைத்து மற்றதில் ஊதிப் பாருங்கள். கசிந்தால், நுண்தூசு அந்த வழியாகத்தான் போகும்.

ஒரு கம்பத்தில் 5, 12, 20, 35, 60, 100 சென்டிமீட்டர் உயரங்களில் ஆறு புட்டிகள். கம்பம் காற்றுக்குத் திரும்ப, பின்னால் ஓர் அலுமினியத் தகடு. சுழலும் இடத்தில் மூடிய பேரிங் போடுங்கள், வெளியே கிரீஸ் தடவாதீர்கள். கிரீஸில் மணல் அப்பிக்கொண்டு, இரண்டு நாளில் கம்பம் ஒரே திசையில் நின்றுவிடும். வேலைக்குப் போகும்போது எப்போதும் கிழக்கிலிருந்தே அணுக வேண்டும். மேற்கே ஒரு காலடி வைத்தாலும் அந்தக் குழியில் கிளம்பும் மணல் கீழ்ப் புட்டிக்குள் வந்துவிடும்.

புதியவர்கள் பெரும்பாலும் சறுக்குவது உயரத்தில். புட்டி அசையாது, தரை அசையும். ஒரு நாள் காற்றில் 5 சென்டிமீட்டரில் 20 கிராம், 12-ல் 9.9, 20-ல் 4.5, 35-ல் 1 கிராம் கிடைத்ததாக வைத்துக்கொள்வோம். எடையின் மடக்கையை உயரத்துக்கு எதிராகப் போட்டால் நேர்கோடு வரும்; 10 சென்டிமீட்டர் ஏறினால் மணல் ஏறத்தாழ 2.7 மடங்கு குறைகிறது என்று அந்தக் கோடு சொல்லும். அதைத் தரைவரை நீட்டி, எடையைக் குழாய் வாயின் பரப்பால் வகுத்து, எல்லா உயரத்துக்கும் கூட்டினால் ஒரு மீட்டர் அகலத்தைக் கடந்தது சுமார் 66 கிலோ. ஆனால் அன்று தொடக்கத்திலேயே தரை 2 சென்டிமீட்டர் அரிக்கப்பட்டு, புட்டிகள் உண்மையில் 7, 14, 22, 37-ல் நின்றிருந்தால் அதே எடைகளுக்கு விடை 80 கிலோ. இரண்டே சென்டிமீட்டர், 22 சதவீதப் பிழை. எவ்வளவு விலையுயர்ந்த காற்றுமானி வைத்தாலும் இது சரியாகாது.

இதற்குச் சைக்கிள் ஸ்போக் கம்பி போதும். ஒவ்வொரு கம்பத்துக்கும் பக்கவாட்டில் அரை மீட்டர் தள்ளி ஐந்து ஸ்போக் குத்தி, நுனி முதல் மணல் வரை ஸ்கேலால் அளந்து, காற்றுக்கு முன்னும் பின்னும் எழுதுகிறோம். தடித்த இரும்புக் கம்பி வேண்டாம். அதைச் சுற்றியே காற்று குழி பறித்து, இல்லாத அரிப்பைக் காட்டும். தரை மாற்றம் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் போனால், தொடக்க உயரத்துக்கும் முடிவு உயரத்துக்கும் நடுவே உள்ளதைக் கணக்கில் எடுப்போம். மேலே சொன்ன அளவுக்கு மாறும் நாட்களில் நடுவிலேயே ஒருமுறை எடைக்கு எடுப்பது நல்லது.

காற்றை 0.5, 1, 2, 4 மீட்டரில் கிண்ணக் காற்றுமானிகளால் பதிவு செய்கிறோம். 1 மீட்டரில் நொடிக்கு 6.0 மீட்டர், 4 மீட்டரில் 7.4 என்றால், வித்தியாசம் 1.4, அதை 4-இன் இயல்மடக்கையான 1.386-ஆல் வகுத்து 0.4 என்ற மாறிலியால் பெருக்கினால் உராய்வு வேகம் 0.40. மணலை இழுப்பது இந்த எண்தான். ஒரு மணி நேரச் சராசரியை மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள். மணல் ஓட்டம் ஏறத்தாழ வேகத்தின் மூன்றாம் அடுக்கில் கூடுகிறது என்பது, காற்றில் மணல் நகர்வதை ஆராய்ந்த பாக்னால்டின் விதி. சீராக 8 வீசுவதைவிட, பாதி நேரம் 6, பாதி நேரம் 10 என்று வீசினால் சராசரி அதுவே இருந்தும் மூன்றாம் அடுக்கு 19 சதவீதம் கூடுகிறது. தேரியில் காற்று விட்டு விட்டுத்தான் அடிக்கும்.

கீழ்ப் புட்டி பலத்த காற்றில் சில மணி நேரத்தில் பாதி நிறையும். மணல் குழாய் வாயை நெருங்கினால் பிடிப்பு குறைந்துவிடும். மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததும் மாற்றுவது எங்கள் வழக்கம். காற்றில்லாத நாட்களில் வேறு தொல்லை. குளவி குழாய்க்குள் மண்கூடு கட்டிவிடும்; அடைபட்ட புட்டி சுத்தமாக, காலியாகத் தெரியும், "இன்று மணல் ஓடவில்லை" என்று எழுதிவிடுவோம். கழற்றும்போது ஒவ்வொரு குழாயையும் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஆடுகள் கம்பத்தில் முதுகு தேய்க்கும். தகடு திரும்பியிருந்தால் அந்த நாளின் கணக்கை ஒதுக்குங்கள். மேய்ப்பவர்களிடம் முன்கூட்டியே பேசிவிட்டால் பாதித் தொல்லை இல்லை. எந்தப் பக்கம் மணல் முதலில் கிளம்பும் என்பதும் அவர்களுக்குத்தான் தெரியும்.

மணலை 105 டிகிரியில் 24 மணி நேரம் காயவைத்து, 0.01 கிராம் துல்லியத் தராசில் நிறுக்கிறோம். கடற்காற்றின் ஈரம் புட்டிக்குள்ளும் இருக்கும் என்பதால் காயவைக்காமல் நிறுக்கக் கூடாது. 60, 100 சென்டிமீட்டர் புட்டிகளில் கிடைப்பது பெரும்பாலும் மிதக்கும் தூசு. அவற்றையும் சேர்த்துக் கோடு போட்டால் சாய்வு கெட்டுவிடும். கீழ் நான்கை வைத்தே கோடு, மேல் இரண்டும் தூசுக்குத் தனிக் கணக்கு. தரையில் உருளும் மணல் எந்தப் புட்டியிலும் விழாது. அதற்கு, வாய் தரையோடு சமமாக இருக்கும்படி ஒரு டப்பாவைப் புதைத்துத் தனியே நிறுத்து, அறிக்கையிலும் தனி வரியாகவே எழுதுகிறோம்.

புட்டிகளைத் திரும்ப மாட்டும்போது கம்பத்தில் உள்ள பழைய குறியை நம்பாமல், அன்றைய மணலிலிருந்து ஸ்கேல் வைத்துக் கீழ்ப் புட்டியை மறுபடி 5 சென்டிமீட்டருக்குக் கொண்டுவந்து, ஸ்போக் அளவுகளை எழுதிவிட்டு, கிழக்குப் பக்கமாகவே வெளியே வருகிறோம்.