பெயின்ட் அடிக்கும் முன்பே ஓட்டிப் பார்த்த 1931 ஃபோர்டு கூபே

வண்டி 1931 ஃபோர்டு மாடல் ஏ கூபே. எஞ்சின் 1946–48 காலத்து 59ஏபி பிளாட்ஹெட் (வால்வுகள் பிளாக்கிலேயே இருக்கும் வகை) வி8. கியர்பாக்ஸ் 1939 ஃபோர்டின் மூன்று கியர் பெட்டி. பின் ஆக்சில் 1940 ஃபோர்டின் பான்ஜோ (நடுவில் உருண்டைக் கூடு கொண்ட வகை). பிரேக்கும் அதே ஆண்டின் ஹைட்ராலிக் டிரம். இடம் மிச்சிகனில் ஒரு நண்பர் வீட்டு கராஜ். ஆறு பேர், சனிக்கிழமை தோறும் வேலை.

பாகங்களை இப்படித் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. தெற்குக் கலிஃபோர்னியாவின் மியூராக், எல் மிராஜ் வறண்ட ஏரிப் படுகைகளில் வேகப் போட்டி ஓட்டியவர்கள் செய்ததும் இதுதான். எடை குறைந்த மாடல் ஏ உடலை எடுத்து, அதிலிருந்த 40 குதிரைத்திறன் நாலு சிலிண்டரை இறக்கிவிட்டு, பிந்தைய ஃபோர்டின் வி8-ஐ ஏற்றினார்கள். 59ஏபி புதிதாக வந்தபோதே 100 குதிரைத்திறன். எல்லாம் ஃபோர்டு பாகமாகவே இருந்தால் பெரும்பாலானவை ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும். 59ஏபியில் பெல் ஹவுசிங் (எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் கூடு) பிளாக்கோடு சேர்ந்தே வார்க்கப்பட்டது என்பதால் 1939 கியர்பாக்ஸ் அடாப்டர் இல்லாமல் நேராக உட்காரும். 1949 முதல் வந்த 8பிஏ என்ற பிளாக்கில் அந்த வசதி கிடையாது. வாங்கும் முன் பெல் ஹவுசிங்கின் மேல் வார்ப்பில் உள்ள எழுத்தைப் பாருங்கள்.

ஆறு பேர் சேர்ந்தால் ஆறு டேப்பும் ஆறு கருத்தும் வரும். அதனால் முதல் நாளே மூன்று விதி வைத்தோம். ஒவ்வொரு பகுதிக்கும் ஒருவர் பொறுப்பு, அந்தப் பகுதியில் அவர் சொல்வதே முடிவு. அளவெல்லாம் ஒரே நோட்டில், ஒரே டேப்பால் எடுத்தது. மூன்றாவது விதிதான் முக்கியம்: வண்டி முழுவதையும் பச்சை இரும்பாகப் பூட்டி, சாலையில் ஓட்டிப் பார்த்த பிறகே பெயின்ட். நண்பர்கள் சேர்ந்து தொடங்கும் வண்டிகள் பாதியில் நிற்பது பெரும்பாலும் பளபளக்கும் உடலை முதலில் முடித்துவிட்டு, பிறகு பிராக்கெட் வெல்டு பண்ண மனம் வராமல்தான்.

1 முதல் 5-வது சனி வரை: சேசிஸ்

கழற்றும்போது எச்சரிக்கை வேண்டிய இடம் ஒன்று. மாடல் ஏ-யின் பின் பட்டை ஸ்பிரிங் உயரமாக வளைந்தது, அதில் அடங்கியிருக்கும் விசை ஆளைக் கொல்லப் போதுமானது. ஸ்பிரிங் ஸ்பிரெடர் போட்டுப் பிடிக்காமல் ஷேக்கிளை (ஸ்பிரிங் முனையை ஆக்சிலோடு இணைக்கும் துண்டு) தட்டாதீர்கள். வெளியே எடுத்த பிறகும், நடு போல்ட்டின் இருபக்கமும் கனமான கிளாம்ப் இல்லாமல் நட்டைக் கழற்றக் கூடாது.

வெறும் சட்டத்தை மட்டமான இரும்பு மேசையில் வைத்து, ரசமட்டமும் தூக்குக்குண்டும் கொண்டு மூலைக்கு மூலை அளந்தோம். இரண்டு குறுக்களவுக்கும் வித்தியாசம் கால் அங்குலம். முன் குறுக்குச் சட்டத்தின் ரிவெட்டுகள் தளர்ந்திருந்தன. அவற்றை எடுத்து, சட்டத்தை இழுத்துச் சதுரமாக்கி, வித்தியாசத்தை 1/16 அங்குலத்துக்குள் கொண்டுவந்த பிறகே வெல்டிங்.

மாடல் ஏ சட்டம் திறந்த 'சி' வடிவம். 40 குதிரைக்கு அது போதும், 100-க்கு முறுக்கிக்கொள்ளும். உட்பக்கத்தில் 3/16 அங்குலத் தகடு வைத்துப் பெட்டியாக்கினோம். மேசையோடு கிளாம்ப் போட்டு, ஓர் அங்குலம் வெல்டு, அடுத்தது எதிர்ப்பக்கச் சட்டத்தின் மறுமுனையில், கை வைக்கும் சூட்டுக்கு வந்த பிறகு அடுத்தது. ஒரே மூச்சில் ஓட்டினால் சட்டம் வாழைப்பழம் போல் வளையும். ஒரு பக்கத்துக்கு ஒரு முழு சனிக்கிழமை ஆகும், அவசரப்பட இடமில்லை.

பின் குறுக்குச் சட்டத்தைப் புதிதாகச் செய்தாக வேண்டும். மாடல் ஏ-யில் ஸ்பிரிங் ஆக்சிலுக்கு மேலே உட்காரும், 1940 ஆக்சிலில் அது ஆக்சிலுக்குப் பின்னால். பழைய சட்டத்தையே வைத்துக்கொண்டால் சக்கரம் முன்னே தள்ளிப்போய், மாடல் ஏ-யின் 103½ அங்குல வீல்பேஸ் கெடும்.

6 முதல் 10 வரை: முன் ஆக்சில், ஸ்டீயரிங், பின் ஆக்சில்

முன்னால் 4 அங்குலம் தாழ்த்திய ஐ-பீம் ஆக்சில், ஸ்பிரிங்கின் முதல் பட்டை கண் (முனை வளையம்) திருப்பியது. வி8-இன் எண்ணெய்த் தொட்டி, முன் ஆக்சிலைப் பின்னிருந்து பிடிக்கும் 'வி' வடிவக் கம்பியான விஷ்போனின் நடு உருண்டை இருக்கும் இடத்துக்கு வந்துவிடும். ஆகவே விஷ்போனை நடுவில் பிளந்து, இரு முனைகளையும் சட்டத்துக்கு வெளியே கொண்டுபோய் டை ராட் எண்டில் (உருண்டை மூட்டு) நிறுத்தினோம். பிளந்த விஷ்போனில் ஒரு சக்கரம் ஏறி இறங்கும்போது ஆக்சிலே முறுக வேண்டும். ஐ-பீம் அந்த முறுக்கைத் தாங்கும். குழாய் ஆக்சில் முறுகாது, அதோடு இதைச் சேர்த்தால் பிராக்கெட்டுகள்தான் விரியும்.

ஸ்டீயரிங் பெட்டி 1948–52 எஃப்-1 பிக்கப்புடையது, அதிலிருந்து முன் சக்கரத்துக்குப் போகும் கம்பியான டிராக் லிங்க் இடப்பக்கச் சட்டத்தை ஒட்டி ஓடும். பக்கவாட்டில் பார்த்தால் டிராக் லிங்கின் பின் உருண்டையும் விஷ்போனின் பின் முனையும் முடிந்தவரை ஒரே இடத்தில் இருக்க வேண்டும். இரண்டும் ஒரே வில்லில் அசைந்தால்தான் பள்ளத்தில் சக்கரம் இறங்கும்போது ஸ்டீயரிங் தானாகத் திரும்பாது. சோதிக்க எளிய வழி: ஸ்டீயரிங்கைக் கட்டிவைத்து, ஆக்சிலை ஜாக்கியால் மேலும் கீழும் 2 அங்குலம் அசைத்து, சக்கரம் திரும்புகிறதா என்று பாருங்கள். முதல் முயற்சியில் எங்களுக்குக் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குத் திரும்பியது. பெட்டியின் பிராக்கெட்டை வெட்டி இறக்கினோம். டாக் (தற்காலிகப் புள்ளி வெல்டு) மட்டும் வைத்திருந்ததால் பத்து நிமிட வேலை.

கியர்பாக்ஸிலிருந்து பான்ஜோ ஆக்சிலுக்கு வரும் ஷாஃப்ட், டார்க் ட்யூப் என்ற குழாய்க்குள் ஓடுகிறது. வண்டியை முன்னே தள்ளும் விசை அந்தக் குழாய் வழியாகவே கியர்பாக்ஸுக்குப் போகிறது, ஆகவே கியர்பாக்ஸ் மவுன்ட் வலுவாக இருக்க வேண்டும். 1940 வண்டி நீளம் அதிகம் என்பதால் குழாய், ஷாஃப்ட், இருபக்கத் தாங்குகம்பிகள் மூன்றையும் குறைக்க வேண்டும். எவ்வளவு என்பதைப் புத்தகத்தில் தேடாதீர்கள். எஞ்சின், கியர்பாக்ஸ், ஆக்சில் மூன்றையும் அதனதன் இடத்தில் நிறுத்தி, உருண்டைக்கும் ஆக்சில் மையத்துக்கும் இடையே அளந்து, லேத் பட்டறைக்குக் கொடுங்கள். தாங்குகம்பிகளைப் பின்னால் பிளக்கவே கூடாது. டார்க் ட்யூப் இருக்கும்வரை குழாயும் கம்பியும் ஒரே புள்ளியைச் சுற்றியே அசைய வேண்டும், பிளந்தால் ஒன்றையொன்று பிடித்து இழுக்கும்.

பின் ஹப் கூம்பு வடிவ ஷாஃப்டில் சாவியோடு உட்காருகிறது. கழற்ற டிரம்மைப் பிடித்து இழுக்கும் சரியான புல்லர் வேண்டும். ஷாஃப்ட் முனையில் திருகிச் சுத்தியலால் அடிக்கும் வகை மரையையும் உள்ளே இருக்கும் கியரையும் சேர்த்துக் கெடுக்கும். மறுபடி பூட்டும்போது கூம்பில் எண்ணெய்ப் பசை இல்லாமல் துடைத்து, நட்டை 200 பவுண்டு-அடிக்குக் குறையாமல் முறுக்குங்கள். தளர்வாக விட்டால் சாவி வெட்டுப்படும், ஷாஃப்டும் போகும்.

பிரேக்

1940 ஃபோர்டின் 12 அங்குல டிரம். ஒவ்வொரு ஷூவுக்கும் கீழே மையம் விலகிய ஒரு பின், மேலே ஒரு கேம். பலர் மேலே உள்ளதை மட்டும் திருகிவிட்டு, இந்தப் பிரேக் பிடிக்காது என்கிறார்கள். புது லைனிங்கை டிரம்மின் வளைவுக்குத் தேய்த்த பிறகு, கீழ்ப் பின்னையும் திருப்பி, ஷூ முழு நீளத்துக்கும் படிகிறதா என்று பார்க்க வேண்டும். லைனிங்கில் சுண்ணக்கட்டியால் கோடு போட்டு டிரம்மைச் சுற்றினால் எங்கே உரசுகிறது என்று தெரிந்துவிடும். எங்களுக்கு முதலில் நடுவில் மூன்று அங்குலம் மட்டுமே பட்டது.

மாஸ்டர் சிலிண்டர் இரட்டை அறை கொண்டது, தரைக்குக் கீழே, சக்கரச் சிலிண்டர்களைவிடத் தாழ்வாக இருக்கிறது. ஆகவே முன்னும் பின்னும், எண்ணெய் திரும்பி இறங்கிவிடாமல் குழாயில் சிறு அழுத்தம் நிறுத்தும் 10 பி.எஸ்.ஐ. ரெசிடுவல் வால்வு. புஷ்ராடுக்கும் மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டனுக்கும் இடையே 1/16 அங்குலம் விளையாட்டு விட்டே ஆக வேண்டும். அது இல்லையென்றால் திரும்பும் துவாரம் அடைபட்டு, ஓட ஓடப் பிரேக் தானாக இறுகும்.

11 முதல் 18 வரை: எஞ்சின்

அதிக நேரம் இங்கேதான் போனது, போகவும் வேண்டும். பிளாட்ஹெட்டில் வால்வுகள் பிளாக்கிலேயே இருக்கின்றன, எரிந்த புகை பிளாக்கின் ஊடாகச் சுற்றித்தான் வெளியேறுகிறது. ஒரு பக்க நாலு சிலிண்டருக்கு மூன்றே வாய்கள், நடு இரண்டுக்கும் ஒரே வாய். இந்தச் சூடெல்லாம் தண்ணீருக்குள் இறங்குகிறது. பிளாட்ஹெட் கொதிக்கிறது என்ற புகாருக்கு இது பாதிக் காரணம். மீதிக் காரணம், நீர்ப்பாதைக்குள் வார்ப்புக் காலத்திலிருந்தே தங்கிவிட்ட மணலும் கம்பியும், அவற்றின் மேல் ஏறிய துருவும். பட்டறையில் காரத்தொட்டியில் போட்டு எடுத்த பிறகும், வளைத்த கம்பியும் அழுத்தக் காற்றும் கொண்டு ஒவ்வொரு துளையாகக் குடைந்தோம். விழுந்த துருமணல் ஒரு காபி டப்பா நிறைய இருந்தது.

சுத்தம் செய்த பிறகு விரிசல் சோதனை. பார்க்க வேண்டிய இடம் இரண்டு. ஸ்டட் துளைக்கும் நீர்த் துளைக்கும் நடுவே மயிரளவு விரிசல் இருந்தால் பெரும்பாலும் பயமில்லை. வால்வு சீட்டிலிருந்து சிலிண்டர் சுவருக்குள் இறங்கும் விரிசல் இருந்தால், ஸ்லீவ் போடும் செலவைக் கணக்குப் பார்த்து, வேறு பிளாக் தேடுவதே மேல். எங்கள் முதல் பிளாக் இதில்தான் கழிந்தது. காசு போடும் முன் சோதியுங்கள். சிலிண்டரைக் குடைந்து போர் போட்ட பிறகு தெரிந்தால் இரட்டை நஷ்டம்.

சிலிண்டர் போரை (உள்விட்டம்) 0.060 அங்குலம் பெரிதாக்கியதில் 239 கன அங்குலம் சுமார் 248 ஆனது. அதற்கு மேல் போகவில்லை, சுவர் மெலிந்தால் சூடு கூடும். சரிசெய்யக்கூடிய டேப்பட்கள், வால்வு இடைவெளி இன்டேக்கில் 0.012 அங்குலம், எக்ஸாஸ்ட்டில் 0.014. அலுமினிய ஹெட் (சிலிண்டர் மூடி) போடும் முன், வால்வுக்கும் பிஸ்டனுக்கும் மேலே விளையாட்டுக் களிமண் வைத்து, பழைய கேஸ்கட்டோடு முறுக்கி, இரண்டு சுற்று சுற்றிப் பார்த்து, களிமண்ணை வெட்டி அளந்தோம். 0.050 அங்குலத்துக்குக் குறைந்த இடத்தில் ஹெட்டைச் சற்றே குடைந்தோம்.

ஒரு ஹெட்டுக்கு 24 ஸ்டட்கள், பல நேராகத் தண்ணீருக்குள் இறங்குகின்றன. மரையில் சீலன்ட் பூசாமல் விட்டால் நட்டின் அடியில் ஈரம் கசியும். நடுவிலிருந்து வெளியே, மூன்று கட்டமாக முறுக்குங்கள். எஞ்சினைச் சூடாக்கி, முழுக்க ஆறவிட்டு மறுபடி. இதை மூன்று முறை செய்தோம். முதல் ஆறலில் பாதி நட்டுகள் நகர்ந்தன, மூன்றாவதில் ஒன்றுகூட இல்லை.

ஃபயரிங் ஆர்டர் 1-5-4-8-6-3-7-2. இடப்பக்கம் ஓட்டுநர் அமரும் அமெரிக்க வண்டியில், பயணி பக்கம் முன்னிருந்து 1, 2, 3, 4. ஓட்டுநர் பக்கம் 5, 6, 7, 8. செவர்லே வி8-இல் எண் வரிசை வேறு, அதில் பழகியவர் வயர் மாட்டினால் தப்பு நடக்கும் இடம் இதுதான்.

இரண்டு ஸ்ட்ராம்பெர்க் 97 கார்புரேட்டர். இவற்றின் ஊசி 2½ பி.எஸ்.ஐ.-க்கு மேல் தாங்காது, பெட்ரோல் மேலே வழியும். பம்புக்குப் பிறகு ரெகுலேட்டர் கட்டாயம். பெட்ரோல் மட்டம், கிண்ணத்தின் மேல் விளிம்பிலிருந்து 15/32 அங்குலம் கீழே. இரண்டு கார்புரேட்டரும் ஒரே நேரத்தில் திறக்கும்படி லிங்கைச் சரிசெய்து, ஐட்லிங்கில் காற்றளவியால் சமன் செய்தோம்.

மாடல் ஏ-யின் பெட்ரோல் டேங்க் கண்ணாடிக்கு முன்னால், முழங்காலுக்கு மேலே இருக்கிறது. அந்த இடத்தில் பெட்ரோலை வைத்துக்கொண்டு இந்த எஞ்சினை ஓட்ட எங்களுக்கு விருப்பமில்லை. பழைய டேங்கை வெறும் கூடாக விட்டுவிட்டு, புது டேங்கைப் பின் டிக்கியில் வைத்தோம்.

உடல்

உடல் வேலை இப்போதைக்குக் கொஞ்சம்தான். கதவின் அடி, முன் கௌலின் (கண்ணாடிக்கு முன்னுள்ள உடல் பகுதி) அடி, கீழ்ச் சட்டம் மூன்றும் துருவில் போயிருந்தன. வெட்டும் முன் உள்ளே குழாயால் குறுக்கும் நெடுக்கும் முட்டுக்கொடுங்கள். சேசிஸில் போல்ட் போட்டு, ஷிம் (மெல்லிய தகட்டுத் துண்டு) வைத்து, கதவு இடைவெளி சுற்றிலும் 3/16 அங்குலம் வந்த பிறகே புதுத் தகட்டை வெல்டு பண்ண வேண்டும். மேசையில் வைத்து வெல்டு பண்ணிய உடலில் கதவு ஒருநாளும் மூடாது.

முதல் ஓட்டம்

கேம்ஷாஃப்ட் படிவதற்காக முதல் 20 நிமிடம் எஞ்சினை நிமிடத்துக்கு 2,000 சுற்றில் ஓடவிட்டு, எண்ணெயை மாற்றிவிட்டுச் சாலைக்கு எடுத்தோம். சூடு கட்டுக்குள் இருந்தது. பிரேக் நேராகப் பிடித்தது. மணிக்கு 45 மைல் வேகத்தில் முன் சக்கரங்கள் படபடவென ஆட ஆரம்பித்தன.

கிங்பின்னில் (முன் சக்கரம் திரும்பும் அச்சு) ஆட்டமில்லை, டயர் பேலன்ஸ் சரி, டோ-இன் (முன் சக்கரங்கள் உள்நோக்கிச் சாயும் அளவு) 1/8 அங்குலம். காஸ்டரை, அதாவது கிங்பின் மேல்முனை பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் கோணத்தை, அளந்தபோது விடை கிடைத்தது. மேசையில் 6 டிகிரி வைத்தது 4 ஆகக் குறைந்திருந்தது. அப்போது நாலு சக்கரத்திலும் ஒரே அளவு பழைய டயர் மாட்டியிருந்தோம். இப்போது முன்னால் 5.50-16, பின்னால் 7.00-16. அதோடு முன் பட்டையும் முழு எடையில் படிந்துவிட்டது. வண்டி மூக்கு எத்தனை டிகிரி தாழ்கிறதோ, அத்தனை டிகிரி காஸ்டர் குறையும். ஓடப்போகும் டயரையே முதல் நாளிலிருந்து மாட்டியிருக்க வேண்டும்.

விஷ்போனின் பின் முனையை இறக்கினால் காஸ்டர் கூடும். ஆக்சிலிலிருந்து 36 அங்குலத்தில் எங்கள் முனை இருப்பதால், 2 டிகிரிக்கு ஒன்றேகால் அங்குலம் இறக்க வேண்டியிருந்தது. அதை இறக்கியதும் டிராக் லிங்கின் உருண்டை பொருந்தாமல் போனது, அதையும் கூடவே இறக்கி, ஜாக்கி சோதனையை மறுபடி செய்தோம். பெயின்ட் அடித்திருந்தால் நாலு பிராக்கெட்டையும் சுரண்ட வேண்டி வந்திருக்கும். இப்போது காஸ்டர் 6¼, மணிக்கு 65 மைல் வேகம் வரை ஆட்டம் இல்லை.

இதுவரை 210 மைல். 50-வது மைலில் எல்லா நட்டையும் மறுபடி முறுக்கியதில் ஷேக்கிள் நட்டு இரண்டும் பின் ஹப் நட்டு ஒன்றும் நகர்ந்தன. 500 மைல் முடிந்ததும் முழுக்கக் கழற்றி, டாக் மட்டும் இருக்கும் பிராக்கெட்டுகளுக்கு முழு வெல்டு போட்டு, சேசிஸை மணல் வீசிச் சுத்தம் செய்ய அனுப்புகிறோம்.