பி.எஸ்சி. இயற்பியலிலிருந்து அணு மருத்துவத்துக்கு: நான் வந்த வழி

பி.எஸ்சி. இயற்பியல் கடைசி ஆண்டில் வீட்டிலும் வெளியிலும் கிடைத்த யோசனைகள் இரண்டுதான்: பி.எட். படி, இல்லையென்றால் ஐ.டி. பக்கம் போ. எனக்கு இரண்டிலும் மனம் ஒட்டவில்லை. பாடங்களில் மிகவும் பிடித்தது கதிரியக்கம். அதை வைத்து ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கலாம் என்று சீனியர் அக்கா ஒருவர் சொன்னபோதுதான் நியூக்ளியர் மெடிசின், அதாவது அணு மருத்துவம், என்ற துறையே தெரியவந்தது.

எக்ஸ்ரேயும் சிடியும் வெளியிலிருந்து கதிரைச் செலுத்திப் படம் எடுக்கும். இங்கே சிறிதளவு கதிரியக்க மருந்தை நோயாளிக்குக் கொடுத்துவிட்டு, அவர் உடம்பிலிருந்து வெளிவரும் காமா கதிரைப் பிடித்துப் படமாக்குகிறோம். சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது, புற்றுநோய் எலும்புக்குப் பரவியிருக்கிறதா என்பதெல்லாம் இதில் தெரியும்.

பிளஸ் டூ முடித்தவர்கள் நேரடியாக நியூக்ளியர் மெடிசின் டெக்னாலஜி பி.எஸ்சி. சேரலாம், வேலூர் சிஎம்சி, மணிப்பால் போன்ற இடங்களில் இருக்கிறது. என்னைப் போலப் பட்டம் முடித்து வருபவர்களுக்கு எம்.எஸ்சி., முதுநிலை டிப்ளமோ உண்டு. சண்டிகர் பிஜிஐ, டெல்லி எய்ம்ஸ், மும்பை பரேலில் பாபா அணு ஆராய்ச்சி மையத்தைச் சேர்ந்த கதிர்வீச்சு மருத்துவ மையம் ஆகியவை பெயர் பெற்றவை. எங்கேயும் சீட்டு குறைவு. பணம் கட்டும் முன், அந்தப் படிப்பை ஏஇஆர்பி, அதாவது அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம், ஏற்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். அது இல்லாமல் கையில் இருக்கும் சான்றிதழுக்கு இந்தத் துறையில் மதிப்பில்லை.

வகுப்பில் உடற்கூறியலும் உடலியங்கியலும் எனக்குப் புதிது, சிரமப்பட்டுத்தான் படித்தேன். ஆனால் இந்தப் படிப்பின் உயிர், கதிரியக்க மருந்தைத் தயாரிக்கும் அறையான ஹாட் லேபில் இருக்கிறது. காலையில் முதல் வேலை ஜெனரேட்டரைக் கறப்பது, அதாவது கதிரியக்கப் பொருள் ஊறும் கலனிலிருந்து அதை எடுப்பது; நாங்கள் அப்படித்தான் சொல்வோம். ஈயக் கவசத்துக்குள் மாலிப்டினம்-99 சிதைந்து டெக்னீசியம்-99எம் ஆகிக்கொண்டே இருக்கும். ஒரு பக்கம் சலைன் (உப்புநீர்) குப்பி, மறுபக்கம் காற்று உறிஞ்சப்பட்ட வெற்றுக் குப்பி. சலைன் உள்ளே இழுபட்டு, டெக்னீசியத்தோடு வெற்றுக் குப்பியில் வந்து சேரும். பார்த்தால் வெறும் தண்ணீர். டோஸ் கேலிப்ரேட்டர் என்ற அளவுக் கருவியில் வைத்தால்தான் அதில் எவ்வளவு கதிரியக்கம் இருக்கிறது என்று தெரியும். மாலிப்டினம் கலந்து வந்திருக்கிறதா என்று சோதித்த பிறகே, அதை வேண்டிய உறுப்புக்குக் கொண்டுபோகும் மருந்துப் பொடியான கிட்டில் கலப்போம். எலும்பு ஸ்கேனுக்கு எம்டிபி கிட், சிறுநீரகத்துக்கு டிடிபிஏ கிட்.

டெக்னீசியத்தின் அரை ஆயுள், அதாவது அதன் கதிரியக்கம் பாதியாகக் குறையும் நேரம், 6 மணி. புற்றுநோயைத் தேட எடுக்கும் பெட் ஸ்கேனுக்கான கதிரியக்கச் சர்க்கரை மருந்து எஃப்டிஜி; அதில் இருக்கும் ஃப்ளோரின்-18க்கு 110 நிமிடம்தான். நான் இப்போது இருக்கும் ஆஸ்பத்திரிக்கு எஃப்டிஜி வேறு ஊரில் அதைத் தயாரிக்கும் சைக்ளோட்ரான் இயந்திரத்திலிருந்து வேனில் வருகிறது. வழியில் இரண்டு மணி நேரம் தாமதமானால் பாதிக்கு மேல் போய்விடும். வெறும் வயிற்றோடு காத்திருப்பவர்களில் யாரை முதலில் அழைப்பது, யார் சர்க்கரை அளவு இன்னும் இறங்கவில்லை, எடை கூடியவருக்கு மருந்து போதுமா என்றெல்லாம் அங்கேயே கணக்குப் போட வேண்டும். ஒருவரைத் திருப்பி அனுப்ப நேர்ந்தால் அன்று முழுக்க மனசு சரியிருக்காது. பல பேருந்து மாறி வந்தவர்கள் அவர்கள்.

பயிற்சிக் காலத்தில் தைராய்டு புற்றுநோய்க்குக் கதிரியக்க அயோடின்-131 மாத்திரை விழுங்கிய ஓர் இளம் தாயைக் கவனித்துக்கொண்டோம். தனி அறை, கழிவறைத் தண்ணீர் கூட நேராகச் சாக்கடைக்குப் போகாமல், கதிரியக்கம் குறையும்வரை தேக்கிவைக்கும் டிலே டேங்குக்குப் போகும். தினமும் ஒரு மீட்டர் தள்ளி நின்று, அவரிடமிருந்து வரும் கதிர்வீச்சைச் சர்வே மீட்டரில் அளப்பேன். "பாப்பாவை எப்போம்மா தூக்கலாம்?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பார். அன்றைய அளவைச் சொல்லி, எத்தனை நாள் தள்ளியிருக்க வேண்டும் என்று டாக்டர் கொடுத்த கணக்கை விளக்குவேன். எண்ணைக் கேட்டதும் அவருக்குக் கொஞ்சம் தெம்பு வரும். நோயாளியிடம் பேசத் தெரியாதவர்களுக்கு இந்த வேலை சரிப்படாது என்று அப்போதுதான் உறைத்தது.

"கல்யாணம் ஆக வேண்டிய பொண்ணு, கதிர்வீச்சுல நிக்கிறியே" என்று அம்மா அழுதாள். அவளுக்குச் சொன்னதையே இங்கும் சொல்கிறேன். உடம்பு வாங்கும் கதிர்வீச்சை மில்லிசீவர்ட்டில் அளப்பார்கள். எங்களுக்கு அனுமதிக்கப்பட்ட அளவு ஐந்து ஆண்டு சராசரியில் ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட்; எந்த ஒரே ஆண்டிலும் 30ஐத் தாண்டக் கூடாது. நெஞ்சில் மாட்டும், கதிர்வீச்சைப் பதியும் டிஎல்டி பேட்ஜ் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆய்வகத்துக்குப் போய், எவ்வளவு வாங்கினோம் என்ற கணக்கு வரும். என் அளவு இதுவரை வரம்புக்கு வெகு கீழே. கர்ப்பம் என்று தெரிந்ததும் சொல்லிவிட்டால் வேலையை மாற்றித் தருவார்கள். அதன்பின் வயிற்றுக் குழந்தைக்கு 1 மில்லிசீவர்ட் மட்டுமே வரம்பு. சிரிஞ்சுக்கு டங்ஸ்டன் உறை போடுவது, வேகமாக ஊசி போட்டுவிட்டு விலகுவது, இதெல்லாம் பழகப் பழகக் கைக்கு வந்துவிடும்.

வேலையில் சேர்ந்த பிறகு கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலர் தேர்வுக்கும் படியுங்கள். அந்த அலுவலர் இல்லாமல் எந்த அணு மருத்துவப் பிரிவும் இயங்க முடியாது, அதனால் வேலை வாய்ப்பு கூடும். ஆனால் ஒன்று, அந்த அலுவலராக இருக்க ஏஇஆர்பி தரும் ஒப்புதல் அந்தந்த ஆஸ்பத்திரியோடு கட்டப்பட்டது. இடம் மாறினால் மறுபடி வாங்க வேண்டும்.

சேரும் முன் கல்லூரிக்கு நேரில் போய் மூன்று கேள்வி கேளுங்கள்: காமா கதிரைப் படமாக்கும் காமா கேமராவும் பெட் ஸ்கேனுக்கான பெட் சிடியும் அங்கேயே ஓடுகிறதா, மாணவர்களை ஹாட் லேபுக்குள் விடுவார்களா, அயோடின், லுட்டீசியம் சிகிச்சை வார்டு இருக்கிறதா. புரோஸ்டேட் புற்றுநோய்க்கு லுட்டீசியம்-177 என்ற கதிரியக்க மருந்தைக் கொடுப்பது இப்போது பரவி வருகிறது. அதைப் பார்த்துப் பழகி வருபவர்களைத்தான் எங்கள் பிரிவும் தேடிக்கொண்டிருக்கிறது.