வெள்ளை ரப்பர் மீனும் ஏப்ரல் வத்தமும்

நேற்று காலை ஐந்து மணிக்கு நியூ ஜெர்சியின் கிளிஃப்வுட் பீச் கல்சுவர் மேல் உட்கார்ந்து வேடர் என்ற, தண்ணீரில் இறங்கப் போடும் நீர்புகாக் கால்சட்டையை மாட்டிக்கொண்டிருந்தேன். காற்றே இல்லை. எதிரே ராரிட்டன் வளைகுடா இருட்டுக்குள் அசையாமல் கிடந்தது. அக்கரையில் ஸ்டேட்டன் தீவின் விளக்குகள், இன்னும் தள்ளி வெரசானோ பாலத்தின் விளக்கு வரிசை. தண்ணீருக்குள் தெர்மாமீட்டரை விட்டுப் பார்த்தேன். 51 டிகிரி ஃபாரன்ஹீட். போன வாரம் இதே இடத்தில் 46. ஐந்து டிகிரிதான், ஆனால் இந்த மீனுக்கு அது போதும்.

எட்டரைக்கு வேலைக்கு உட்கார வேண்டும். அதுவரை வத்தம், கடல் தண்ணீர் வற்றி இறங்கும் நேரம், என்னுடையது.

நான் தேடி வந்தது ஸ்ட்ரைப்ட் பாஸ். இங்கே எல்லோருக்கும் அது ஸ்ட்ரைப்பர், எங்கள் வீட்டில் வரிக்கொடுவா. நம்ம ஊர்க் கொடுவாவுக்கு இது சொந்தமில்லை, குடும்பமே வேறு. ஆனால் அகன்ற வாய், வெள்ளி உடம்பு, தூண்டிலில் பட்டதும் இழுக்கிற அந்த இழுவை எல்லாம் கொடுவாவை ஞாபகப்படுத்தும். பக்கவாட்டில் தலைமுதல் வால்வரை ஏழெட்டுக் கறுப்பு வரி ஓடும். ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டும் நேர் எதிர். கொடுவா ஆற்றில் வளர்ந்து முட்டையிடக் கடல் பக்கம் இறங்கும். ஸ்ட்ரைப்பர் கடலில் வாழ்ந்து முட்டையிட ஆறு ஏறும். ஏப்ரலில் என் முன்னால் நிற்கிற பெரிய மீன்களில் பல, மே மாதம் ஹட்சன் ஆற்றின் நன்னீரில் முட்டையிடப் போகிற தாய்மீன்கள். போகிற வழியில் பசியாற இங்கே நிற்கின்றன.

ஏன் இங்கே என்று கேட்டால், சேறு. ராரிட்டன் வளைகுடாவின் மேற்கு மூலை ஆழமில்லாதது, அடியில் கறுத்த சேறு. மார்ச் வெயில் பட்டால் அந்தச் சேறு வெதுவெதுப்பை வாங்கி வைத்துக்கொள்ளும். சுற்றுவட்டாரக் கடல் விறைத்துக் கிடக்கும்போதே இங்கே புழுக்கள் நெளிய ஆரம்பித்துவிடும், பின்னாலேயே மீன் வரும். நியூ ஜெர்சியில் ஆறுகளும் வளைகுடாக்களும் ஜனவரி, பிப்ரவரி இரண்டு மாதமும் இந்த மீனுக்கு மூடியிருக்கும், மார்ச் 1 அன்று திறக்கும். அன்று விடிகாலை கரையோரம் திருவிழாக் கூட்டம் நிற்கும். நான் அன்று போவதில்லை. மார்ச் புழுவுக்கும் சிப்பிச் சதைக்கும் உள்ள மாதம். என் மாதம் ஏப்ரல்தான். பங்கர் என்று இங்கே சொல்லும் மென்ஹேடன் மீன், நம்ம மத்தியின் உறவுக்காரன், கூட்டம் கூட்டமாக வளைகுடாவுக்குள் நுழையும் மாதம். அதைத் துரத்திக்கொண்டு வருகிற ஸ்ட்ரைப்பருக்கு, நீந்துகிற எதுவும் கண்ணில் படும். பொய் மீனுக்கு அப்போதுதான் மதிப்பு.

தூண்டிலை எனக்குக் கையில் கொடுத்தது அப்பா. ஆத்தூர்ப் பாலத்துக்குக் கீழே, தாமிரபரணி கடலைத் தொடப் போகும் இடத்தில், தங்கூசி நரம்பு சுற்றிய ஒரு மரக்கட்டையும் டப்பா நிறைய உயிர் இறாலும்தான் எங்கள் சாமான். இறால் துடிக்கும்வரைதான் அதற்கு விலை என்பார். நான் முதன்முதலாக ரப்பர் மீனை வீடியோவில் காட்டியபோது, "ஏ பிள்ள, பிளாஸ்டிக்க எந்த மீனு திங்கும்?" என்று கேட்டார். 1982 செப்டம்பர் 21 ராத்திரி, புயல் காற்றில், அட்லாண்டிக் சிட்டி கல்திட்டில் நின்று ஆல்பர்ட் மெக்ரெனால்ட்ஸ் என்பவர் 78 பவுண்டு 8 அவுன்ஸ் ஸ்ட்ரைப்பர் பிடித்தார். ரெபல் என்ற பிளாஸ்டிக் மீனைத்தான் அது கவ்வியது. 2011 வரை உலக சாதனை அதுதான். சொன்னேன். அப்பா நம்பவில்லை.

எனக்கே நம்பிக்கை வர இரண்டு வருஷம் ஆனது. நான் இரையை விட்டதற்குக் காரணம் சாதனை இல்லை, ஒரு சின்ன மீன்.

2019 ஏப்ரல். கடல்புழுவைச் சாதாரண முள்ளில் கோத்து எறிந்துவிட்டு, ராடைத் தாங்குகோலில் சாய்த்து வைத்துவிட்டு, ஃபிளாஸ்கிலிருந்து காப்பி ஊற்றிக்கொண்டிருந்தேன். ராடில் கட்டிய மணி அடித்தது. ஓடிப்போய் இழுத்தேன். இருபது அங்குல மீன். முள் வாயில் இல்லை, தொண்டையைத் தாண்டி வயிற்றுக்குள் போயிருந்தது. நான் காப்பி ஊற்றின நேரம் அதற்கு விழுங்கின நேரம். நரம்பை வெட்டினேன், செவுளிலிருந்து ரத்தம் நிற்கவில்லை. 28 அங்குலத்துக்குக் கீழே வைத்துக்கொள்ளச் சட்டம் விடாது, திருப்பித்தான் விட வேண்டும். விட்டேன். பத்தடி போய் வயிறு மேலாகத் திரும்பியது. கடல்காக்கைகள் இறங்கின. குழம்புக்கும் ஆகாமல், தண்ணீருக்கும் ஆகாமல் ஓர் உயிர் போனது என் கையால். வீட்டுக்கு வந்து அன்று யாரிடமும் பேசப் பிடிக்கவில்லை.

இரை வைத்து ஸ்ட்ரைப்பர் பிடிப்பவர்கள் வட்ட முள்தான் பயன்படுத்த வேண்டும் என்று 2021ல் விதி வந்தது. அது வாயோரத்தில் மாட்டும், வயிற்றுக்குள் போவது குறையும். நல்ல விதி. ஆனால் அதற்குள் நான் லூருக்கு, அதாவது பொய் மீனுக்கு, மாறிவிட்டிருந்தேன். லூரில் ராடைச் சாய்த்து வைக்க முடியாது. மீன் தொடும் கணத்தில் கை அங்கே இருந்தே ஆக வேண்டும். ரப்பரை எந்த மீனும் விழுங்கக் காத்திருக்காது, கவ்வும், பொய் என்று தெரிந்தால் துப்பும். அதனால் பெரும்பாலும் உதட்டில்தான் மாட்டும்.

லூர் என்றால் பாவமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். கடையில் வாங்கும் மின்னோ என்ற சின்ன மீன் வடிவ லூர் வகைகளில் இரண்டு மூன்று மும்முள் தொங்கும். ஒன்று வாயில் மாட்டினால் இன்னொன்று கண்ணைக் கிழிக்கும். பார்த்திருக்கிறேன். என் பெட்டியில் இருக்கும் எல்லா மின்னோவிலும் மும்முள்ளைக் கழற்றி ஒற்றை முள் போட்டுவிட்டேன். முள் நுனிக்குக் கீழே திருப்பி நீட்டியிருக்கும் எதிர்முள்ளையும் குறடால் நசுக்கிவிடுவேன். சில மீன் கழன்று போகும். போகட்டும்.

நேற்று கட்டியது ஐந்து அங்குல வெள்ளை ரப்பர் மீன், துடுப்பு வால் வைத்தது, முள்ளோடு சேர்ந்த முக்கால் அவுன்ஸ் ஈயத்தலை. இதைக் கோப்பதில்தான் பாதி வித்தை. முதலில் முள்ளை ரப்பர் உடம்பின் பக்கத்தில் வைத்து, வளைவு எங்கே முடிகிறதோ அங்கே நகத்தால் ஒரு கோடு போடுவேன். மூக்கின் நட்ட நடுவில் குத்தி, ஊசியில் பூக் கோப்பதுபோல் ரப்பரை ஏற்றிக்கொண்டே வந்து, அந்த நகக்கோட்டில் முள்ளை முதுகுக்கு வெளியே எடுக்க வேண்டும். ஒரு நூல் சாய்ந்தாலும் தண்ணீரில் மீன் நீந்தாது, பம்பரமாகச் சுழலும். கழுத்தில் ஒரு சொட்டு சூப்பர் குளூ. பிறகு கரையோரத் தண்ணீரில் ஓரடி இழுத்துப் பார்ப்பேன். வால் இடம் வலம் அடித்தால்தான் எறிவேன்.

அதன் பிறகு வேகம். முதல் வருஷம் முழுக்க நான் வேகமாகச் சுற்றி வீணடித்தேன். பக்கத்தில் நின்ற ஓய்வுபெற்ற வெல்டர் ஒருவர், எழுபது வயதிருக்கும், வாரம் மூன்று மீன் எடுப்பார். ஒருநாள் அவரே வந்து, "மெதுவாச் சுத்தும்மா. இதுக்கு மேல மெதுவா முடியாதுன்னு தோணும் பாரு, அதுலயும் பாதி" என்கிற அர்த்தத்தில் சொன்னார். குளிர்ந்த தண்ணீரில் மீனுக்கும் உடம்பு மந்தம். ஓடுகிற இரையைத் துரத்தி அது தன் பலத்தைச் செலவழிக்காது. ராடு நுனியில் டுக்... டுக்... என்று வாலடி கையில் கேட்கிற வேகம் போதும். அந்தத் துடிப்பு நின்றால் கொஞ்சம் கூட்டு, அவ்வளவுதான். நடுவில் ஒருமுறை ரீலை நிறுத்தி ஈயம் சேற்றைத் தொடவிட்டு எடுத்தால், அடியில் தடுமாறுகிற குஞ்சு மாதிரி இருக்கும். மீன் பலமுறை வந்து கவ்வுவது அந்த இடத்தில்தான்.

வேல் கிரீக் என்ற ஓடை வளைகுடாவில் விழும் வாய்க்கு மேற்கே நின்றேன். வத்தத்தில் ஓடைத்தண்ணீர் வெளியே வரும்போது உள்ளே சேற்றில் சூடேறிய தண்ணீரும் குஞ்சுகளும் சேர்ந்து வரும். மீன் அந்த ஓட்டத்தின் ஓரத்தில் முகத்தைத் திருப்பி நிற்கும். ஓட்டத்துக்கு மேலே எறிந்து, ரப்பர் தானாக வளைந்து கீழே இறங்கவிட்டு, தொய்வை மட்டும் ரீலில் எடுத்துக்கொண்டிருந்தேன். நாற்பது ஐம்பது எறிகள் ஒன்றுமில்லை. கிழக்கு வெளுத்தது. இன்னொரு எறி, வளைவு முடியப் போகிற இடத்தில் வாலடி சட்டென்று நின்றது.

இழுப்பு இல்லை, ஒரு கனம் மட்டும். ஈரச் சாக்கு மாட்டியதுபோல. ராடைத் தூக்கினேன். சாக்கு தலையை ஆட்டியது.

அதன் பிறகு ரீல் அலறியது. இருபது பவுண்டு பிரெய்டு நரம்பு, வளைகுடாவின் நடுவை நோக்கி ஒரே ஓட்டம். மேலே துள்ளுகிற மீன் இல்லை இது, அடியோடு அடியாக அழுத்தி இழுக்கும். மூன்று முறை கரைக்கு வந்து மூன்று முறை திரும்பியது. முழங்கால் தண்ணீரில் இறங்கி, கையை நனைத்துக்கொண்டு கீழ் உதட்டைப் பிடித்தேன். உப்புத்தாள் மாதிரி சின்னச் சின்னப் பற்கள், இன்றைக்கும் கட்டைவிரல் எரிகிறது. முதுகு ஆலிவ் பச்சை, பக்கமெல்லாம் வெள்ளி, நாலாவது வரி மட்டும் நடுவில் உடைந்து ஒரு படி கீழே தொடர்ந்தது. வாலடியில் இரண்டு கடல்பேன் ஒட்டியிருந்தது, அப்படியென்றால் கடலிலிருந்து வந்து அதிக நாளாகவில்லை. வயிறு பருத்திருந்தது. ராடில் போட்டிருக்கும் அளவுக்குறிக்கு நேராகத் தண்ணீரிலேயே பிடித்துப் பார்த்தேன். 36 அங்குலம்.

வைத்துக்கொள்ளச் சட்டத்தில் இடமில்லை. 28 அங்குலத்திலிருந்து 31க்குள் ஒரே ஒரு மீன், ஒரு நாளைக்கு. 2023ல் மேல் அளவை 31க்கு இறக்கினார்கள், 2015ல் பிறந்த பெருங்கூட்டம் முட்டையிட மிஞ்சட்டும் என்று. சிலர் இந்த விதியைத் திட்டுவார்கள். எனக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. எண்பதுகளில் இந்த மீன் அழிவின் ஓரம்வரை போனது. 1985லிருந்து 1990வரை மேரிலாந்து முழுத்தடை போட்டு, அதன் பிறகுதான் மீண்டது. இப்போது, மேரிலாந்தை ஒட்டிய, இந்த மீன் அதிகம் முட்டையிடும் செசபீக் வளைகுடாவில் 2019லிருந்து குஞ்சுகள் வருஷா வருஷம் குறைவாகவே வருகின்றன. விட்ட மீன்களிலும் 9 சதவீதம் செத்துப்போகும் என்று எடுத்துக்கொண்டுதான் கடலோர மாநிலங்களின் மீன்வளக் கமிஷன் கணக்குப் போடுகிறது. நூற்றில் ஒன்பது. அந்த ஒன்பதில் என் பங்கைக் குறைப்பது என் குறடும், என் ஈரக்கையும், மீனைத் தண்ணீருக்கு வெளியே வைக்கிற விநாடிகளும்தான்.

(இங்கிருந்து கிட்டத்திலேயே நேவிசிங்க் ஆறு. 1879ல் அங்கே பிடித்த நூற்றுச் சொச்சம் குட்டி மீன்களை ரயிலேற்றிக் கண்டத்தின் அந்தக் கோடிக்குக் கொண்டுபோய்க் கலிபோர்னியாவில் விட்டார்கள். 1882ல் இன்னொரு தடவை. அந்தச் சில நூறிலிருந்துதான் சான் பிரான்சிஸ்கோ வளைகுடாவில் ஸ்ட்ரைப்பர் பரவியது. இடம் கொடுத்தால் இந்த மீன் எப்படிப் பெருகும் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு இந்த ரயில்தான் ஞாபகம் வரும்.)

முள்ளைத் திருகினேன், எதிர்முள் இல்லாததால் தானாகக் கழன்றது. ஓட்டத்துக்கு எதிராக முகத்தை வைத்துப் பிடித்திருந்தேன். செவுள் திறந்து மூடுவது கைக்குத் தெரிந்தது. அப்பாவை வீடியோவில் கூப்பிட்டேன், அங்கே சாயந்திரம் நாலு மணி. அவர் முகம் வந்த அதே நேரம் மீன் என் விரலைக் கடித்தது, போகத் தயார் என்று அர்த்தம். விட்டேன். வால் ஒரே அடி, என் முகமெல்லாம் தண்ணீர்.

"ஏட்டி, கொழம்புக்கு வைக்கலையா?" என்று பின்னாலிருந்து அம்மா குரல். இந்த வளைகுடா மீனில் பி.சி.பி. என்ற தொழிற்சாலை ரசாயன மாசு உண்டு, கர்ப்பிணிகளும் குழந்தைகளும் சாப்பிட வேண்டாம் என்று மாநிலம் சொல்லியிருக்கிறது, எனக்கு வீட்டில் சின்னவள் இருக்கிறாள் என்று ஏற்கெனவே மூன்று முறை சொல்லியாயிற்று. நாலாவது முறை சொன்னேன்.

அப்பா ஒன்றும் பேசவில்லை. ராடு நுனியில் தொங்கிய வெள்ளை ரப்பர் மீனையே பார்த்துக்கொண்டிருந்தார். கிட்டக் கொண்டுவரச் சொன்னார். வாலை விரலால் ஆட்டிக் காட்டச் சொன்னார்.

"அதுல ரெண்டு மூணு அனுப்பு பிள்ள. பாலத்துக்குக் கீழ கொடுவாவுக்குப் போட்டுப் பாக்கேன்."

இன்று மத்தியானம் ஆறு வாங்கிவிட்டேன், மூன்று வெள்ளை, மூன்று மஞ்சள்பச்சை. ஈயத்தலைகளின் எதிர்முள்ளை நானே நசுக்கித்தான் பெட்டியில் வைத்தேன்.